டவர் மேல் போட்ட பழி

சோழபுரத்து டீக்கடையில் சிட்டுக்குருவிப் பேச்சை எடுத்தால் பதில் தயாராக இருக்கும்: ‘செல்போன் டவர் வந்துச்சு, குருவி அத்துப்போச்சு.’ ராஜபாளையத்தில் கேட்டாலும், ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்டாலும் இதேதான். மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாள் வந்தால் பள்ளிப் பிள்ளைகள் ஓர் உயரமான டவரையும் அதனடியில் செத்துக் கிடக்கும் குருவியையும் வரைகிறார்கள். 2018 நவம்பரில் வந்த ஷங்கரின் ‘2.0’ படம் இந்த எண்ணத்தைத் தமிழ்நாட்டின் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. படித்தவர், படிக்காதவர் என்று இல்லாமல் எல்லோரும் நம்புகிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறு. அதைவிட மோசம், இது குருவிக்குக் கெடுதல் செய்துகொண்டிருக்கிறது.

காலக்கணக்கைப் பார்ப்போம். லண்டனின் கென்சிங்டன் பூங்காவில் 1925-இல் எண்ணியபோது 2,603 சிட்டுக்குருவிகள் இருந்தன. 1948-இல் 885. 1975-இல் 544. அதாவது, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குருவிகள் செல்போன் சேவையே இல்லாத காலத்தில் போய்விட்டன. பிரிட்டனில் முதல் செல்போன் அழைப்பு 1985-இல்தான். தெருவில் குதிரை வண்டிகள் ஓடியவரை சிந்திய ஓட்ஸ் மணிகள் குருவிகளுக்குத் தீனியாக இருந்தன. மோட்டார் வண்டி வந்ததும் அது நின்றது. நகரக் குருவிகளின் முதல் சரிவுக்கு அதையே முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். 2000-இல் அதே பூங்காவில் மிஞ்சியவை 8.

நம் நாட்டுக்கு வருவோம். 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 867 இனங்களை ஆராய்ந்தது. அதன்படி சிட்டுக்குருவியின் எண்ணிக்கை நாடு முழுவதற்குமாகப் பார்த்தால் அதற்கு முந்தைய இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ நிலையாகவே இருந்தது. சென்னை, பெங்களூரு, ஐதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய ஆறு பெருநகரங்களில் குறைந்துவந்தது. இதே இருபத்தைந்து ஆண்டுகளில்தான் 1995-இல் இந்தியாவுக்குள் வந்த செல்போன், பட்டிதொட்டி எங்கும் டவராக நின்றது. டவர்தான் கொல்கிறது என்றால் நாடு முழுக்கக் குருவி சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை.

டவர் கட்சிக்காரர்களிடம் ஒரு சான்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஸ்பெயினின் வல்லாடோலிட் நகரில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு, மின்காந்தப் புலம் வலுவாக உள்ள இடங்களில் குருவி குறைவு என்றது. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது, ஒன்று மற்றதைக் கொன்றதற்குச் சாட்சி ஆகாது. நெருக்கமான கட்டடங்களும் போக்குவரத்தும் உள்ள இடத்தில்தான் டவரும் அதிகம்; புல்லும் பூச்சியும் குறைவு.

அப்படியானால் நம் தெருவில் ஏன் காணோம்? ஓட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். கைமரத்துக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கு இருந்தது. அடைக்கலங்குருவி வைக்கோலும் பஞ்சும் கொண்டுவந்து திணித்து முட்டை வைத்தது. முற்றத்தில் அம்மா முறத்தில் புடைத்தபோது நொய்யும் குறுணையும் சிதறின. தொழுவம் இருந்தது, படப்பு இருந்தது, சாணியைச் சுற்றிப் பூச்சி இருந்தது. இப்போது அந்த வீட்டை இடித்துக் கட்டிய கான்கிரீட் வீட்டில் ஒரு விரற்கடை இடுக்குக்கூட இல்லை. அரிசி கல் நீக்கிப் பையில் வருகிறது. கொல்லைப்புறம் பேவர் பிளாக் பதித்துக் கழுவி விடப்படுகிறது. மழை பெய்தால் சேறாகிறது என்று மண்ணையே மூடிவிட்டோம். குருவி மண்குளியல் போட ஒரு கையளவு புழுதி கிடையாது. ஊருக்கு வெளியே கம்பும் சோளமும் விளைந்த மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம் நிற்கிறது. அதன் முழு மணி குருவியின் அலகுக்குப் பெரிது.

இதில் பலரும் கவனிக்காதது பூச்சி. வளர்ந்த குருவி தானியம் தின்று பிழைக்கும், குஞ்சு பிழைக்காது. பொரித்த முதல் நாட்களில் அதற்குப் புழுவும் அசுவினியும் வேண்டும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் கேட் வின்சென்ட் செய்த ஆய்வில், பூச்சி உணவு போதாத கூடுகளில் குஞ்சுகள் மடிந்தன. நம் அவரைக்கொடியில் அசுவினி கறுப்பாக மொய்த்ததும் மருந்துக்கடைக்கு ஓடுகிறோமே, அந்த அசுவினிதான் அது. மருந்தடித்த கொல்லையில் கம்பைத் தூவி வைத்தால் பெரிய குருவி வந்து தின்னும், கூட்டில் குஞ்சு பட்டினி கிடக்கும்.

குருவி உண்மையில் வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. கீரை விதையைப் பொறுக்குகிறது, முளையைக் கிள்ளுகிறது, வீட்டுக்குள் எச்சமிடுகிறது. கதிர் பால் பிடிக்கும்போது கம்மங்காட்டுக்காரர் பரண் கட்டிக் குருவி விரட்டியதும் பொய்யில்லை. அமெரிக்காவில் இதை வேண்டாத பறவை என்று நினைப்பதற்கும் நியாயம் இருக்கிறது: 1850களில் புரூக்ளினில் கொண்டுவந்து விட்ட வெளியூர்ப் பறவை அது, அங்குள்ள நீலப்பறவைகளின் கூட்டைப் பறிக்கிறது. இங்கே அது அந்நியப் பறவை இல்லை. கீரைப்பாத்திக்கு ஒரு வலை போட்டால் தீரும் சண்டை இது. சீனா 1958-இல் குருவியைத் தானியத் திருடன் என்று தீர்மானித்து ஊரே திரண்டு கொன்றது. பூச்சிகள் பெருகின, 1960-இல் குருவியின் பெயரை ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். தவறான எதிரியைத் தேர்ந்தெடுத்த விலை அங்கே பயிராகவும் உயிராகவும் போனது.

நம் தவறு கொலையாகத் தெரியாததால் வசதியாக இருக்கிறது. டவரை நம்மால் பிடுங்க முடியாது. ஆகவே நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று உட்கார்ந்துவிடலாம். என் கோபம் இங்கேதான். குருவிக்காக வருந்துகிற அதே வீட்டில், மீட்டர் பெட்டியில் கட்டிய கூட்டை ஒட்டடைக் கம்பால் தள்ளுகிறார்கள். பலசரக்குக் கடைக்காரர்கள் பலர் இவர்களைவிட மேல். விட்டத்தில் ஓர் அட்டைப்பெட்டியைக் கட்டிவிட்டு, அரிசி மூட்டைகளுக்கு நடுவே குருவியோடு வியாபாரம் பார்க்கிறார்கள்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மார்ச் 20 அன்று டவர் படம் வரையச் சொல்லாதீர்கள். பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பி எந்த வீட்டில் இடுக்கு இருக்கிறது, எந்தக் கொல்லையில் மண் இருக்கிறது, கூடு எங்கே என்று எழுதிவரச் சொல்லுங்கள். தென்காசிச் சாலை ஓரம் வீடு கட்டுகிறவர்கள், சன்ஷேடுக்கு அடியில் வெயில் படாத பக்கமாக, ஆள் உயரத்துக்கு மேல், ஒன்றேகால் அங்குல வாயுள்ள பொந்துகள் இரண்டு மூன்றை அடுத்தடுத்து விடச் சொல்லலாம். குருவி கூட்டமாகக் கூடு வைக்கும் இனம், ஒற்றைப் பொந்து போதாது. பூச்சு வேலை நடக்கும்போதே சொல்லிவிட்டால் கொத்தனாருக்கு அரை நாள் வேலைகூட இல்லை.