புகையை அளந்தார்கள், சேரியை அளக்கவில்லை

காற்றுக்குத் தீட்டு கிடையாது என்று யார் சொன்னது? சேரியில் பட்டு வரும் காற்றுகூடத் தன்மேல் படக்கூடாது என்று ஊரை ஒரு பக்கமும் நம்மை ஒரு பக்கமும் பிரித்து வைத்த நாடு இது. குப்பைக் கிடங்கு நம் பக்கம். சுடுகாட்டுப் புகை நம் பக்கம். செங்கல் சூளையில் வேகிறவன் நம்ம ஆள். ஆனால் உலக விஞ்ஞானம் வாய் திறந்தால் மட்டும் எல்லாருக்கும் ஒரே காற்று. 2021இல் காற்று மாசால் உலகில் 81 லட்சம் பேர், இந்தியாவில் 21 லட்சம் பேர் செத்தார்கள் என்று சர்வதேச மதிப்பீடு சொல்கிறது. எந்தத் தெருவில் செத்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

இந்தக் கேள்வியோடு, நம் மண்ணில் நடந்த ஓர் ஆராய்ச்சியைப் பார்ப்போம். அதன் பெயர் ஹேப்பின். சமையல் புகையைக் குறைத்தால் உடம்புக்கு என்ன நன்மை என்று கண்டறிய இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா என்று நான்கு நாடுகளில் நடந்தது. பணம் கொடுத்தவை அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களும் கேட்ஸ் அறக்கட்டளையும். எமரி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போன்ற பல்கலைக்கழகங்களோடு சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கைகோர்த்தது. இங்கே தேர்ந்தெடுத்த இடங்கள் நாகப்பட்டினமும் அன்றைய விழுப்புரம் மாவட்டமும். நாகப்பட்டினம் என்றால் அவர்களுக்கு வரைபடத்தில் ஒரு புள்ளி. நமக்கு அது வெண்மணி. கூலி உயர்வு கேட்டவர்களில் 44 பேரை 1968இல் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய மண். அந்த மண்ணில் புகைக்கு வரலாறு உண்டு.

நாட்டுக்கு 800 வீதம் 3,200 கர்ப்பிணிகள். 2018இல் சேர்க்கத் தொடங்கினார்கள். எல்லாரும் விறகு, வரட்டி போன்றவற்றில் சமைத்தவர்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும், 18 மாதத்துக்கு இலவச சிலிண்டரும் வீடு தேடி வந்தன. மீதிப் பேர் பழைய அடுப்பிலேயே சமைத்தார்கள். உடுப்பில் கருவியை மாட்டி, 24 மணி நேரத்தில் அந்தப் பெண்கள் எவ்வளவு நுண்துகளைச் சுவாசிக்கிறார்கள் என்று அளந்தார்கள்.

முடிவு 2022இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. விறகடுப்புப் பெண்களின் சுவாசத்தில் ஒரு கனமீட்டர் காற்றுக்கு 70.7 மைக்ரோகிராம் நுண்துகள். கேஸ் அடுப்புப் பெண்களுக்கு 23.9. மூன்றில் இரண்டு பங்கு புகை போய்விட்டது. பிள்ளையின் எடை? கேஸ் வீட்டில் சராசரி 2,921 கிராம், விறகு வீட்டில் 2,898. கணக்கில் எடுக்கத்தக்க வித்தியாசம் இல்லை என்றார்கள். 2024இல் அடுத்த முடிவுகள் வந்தன. குழந்தைகளின் கடும் நிமோனியாவும் குறையவில்லை, வளர்ச்சிக் குறைவும் குறையவில்லை.

“பாத்தீங்களா, கேஸ் குடுத்தும் ஒண்ணும் ஆகல” என்று மானியத்தை வெட்டக் காத்திருப்பவர்களுக்கு இது அல்வா. ஆனால் இந்த முடிவை நாம் வேறு மாதிரிப் படிக்க வேண்டும்.

பிள்ளையின் எடை ஒன்பது மாதத்தில் உண்டாவதல்ல. தாயின் உடம்பிலிருந்து வருகிறது. அந்தத் தாயைப் பெற்றவள் கஞ்சிக்கு அல்லாடியதிலிருந்து வருகிறது. நிறைமாதத்திலும் நாற்று நடப் போனதிலிருந்து வருகிறது. நிலம் இல்லாததால், விறகு பொறுக்கக்கூட அடுத்தவன் வரப்பில் ஏச்சு வாங்கியதிலிருந்து வருகிறது. இத்தனை தலைமுறைப் பசியை ஒரு சிலிண்டர் ஈடுகட்டும் என்று எதிர்பார்த்தது யார் குற்றம்? அடுப்பு மாறியது. அடுப்பின் முன்னால் உட்கார்ந்தவள் வாழும் இடம் மாறவில்லை. ‘பலன் இல்லை’ என்ற அந்த முடிவை நான் சாதிக்கு எதிரான சாட்சியமாகவே படிக்கிறேன். சாட்சியம் சொன்னவர்களுக்குத்தான் அது தெரியவில்லை.

தெரியாமல் போக வழி செய்துகொண்டார்கள். அந்தக் கட்டுரையின் அட்டவணையில் உயரம் உண்டு. ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று உண்டு. படிப்பு உண்டு. வீட்டில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடா என்ற கேள்வியும் உண்டு. சாதி இல்லை. உயரக் குறைவு, ரத்தச் சோகை, படிப்பின்மை, பசி — இவையெல்லாம் யாருடைய அடையாளங்கள்? சாதியின் காயங்களையெல்லாம் தனித்தனியாக எண்ணினார்கள். காயப்படுத்தியவன் பெயரை மட்டும் எழுதவில்லை.

நான்கு நாட்டுக்கும் பொதுவான அட்டவணையில் சாதிக்கு எங்கே இடம் என்பார்கள். சரி. பணம் வந்த அமெரிக்காவில் என்ன நடந்தது? நச்சுக் கழிவுக் கிடங்குகள் யார் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கின்றன என்று 1987இல் ஒரு கிறித்தவத் திருச்சபை கணக்கெடுத்தது. வருமானத்தைவிட நிறமே முதல் காரணம் என்று நிறுவியது. கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடியதால், 1994இல் கிளிண்டன் சுற்றுச்சூழல் நீதிக்கென்று ஆணையே போட வேண்டி வந்தது. 2025 ஜனவரியில் டிரம்ப் அதை ரத்து செய்தார் என்பது வேறு கதை. அங்கே ‘இனம்’ என்ற கட்டம் இல்லாத மருத்துவ ஆய்வு அபூர்வம். அதே விஞ்ஞானம் கடல் தாண்டி வந்ததும் குருடாகிவிடுகிறது. இங்கே கூட்டுச் சேர்கிற நம்மூர்ப் படித்த வர்க்கமும் அதன் கண்ணைத் திறந்துவிடுவதில்லை. திறந்தால் தன் தெருவும் தெரியுமே!

18 மாதம் முடிந்த பிறகு என்ன? நான் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவன். 2015 ஜனவரி முதல் நாடு முழுக்க கேஸ் மானியம் கணக்கில்தான் ஏறுகிறது. முதலில் முழு விலையையும் எண்ணி வைத்து சிலிண்டரை இறக்க வேண்டும். மானியம் அப்புறம் வரும். “சார், கேஸ் பணம் ஏறிடுச்சா?” என்று பாஸ்புக்கை நீட்டும் அக்காக்களுக்கு அந்த முழு விலை பல நாள் கூலி. அதை மொத்தமாகப் புரட்ட முடியாத மாதம் விறகு திரும்பி வருகிறது. இது அறியாமை இல்லை, பழைய பழக்கமும் இல்லை. கையில் காசு இல்லை, அவ்வளவுதான். அந்த ஆய்வில் சிலிண்டர் இலவசமாக வந்தபோது பெண்கள் விறகடுப்பைக் கிட்டத்தட்ட மறந்தே போனார்கள். ‘நம்ம ஜனங்க மாற மாட்டாங்க’ என்று பேசுகிறவர்களின் வாயை அடைக்க இது ஒன்றே போதும்.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. புகை பெண்களைக் கொல்கிறது என்பதை உலகம் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், கிர்க் ஸ்மித் போன்றவர்கள் 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமத்துச் சமையலறைகளுக்குள் கருவியோடு நுழைந்ததுதான். அளவு இல்லாவிட்டால் அரசாங்கம் அசையாது. அதனால்தான் அளப்பவர்களிடம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

தோழர்களே, பொதுச் சுகாதாரமும் புள்ளியியலும் படிக்கும் நம் பிள்ளைகளே, அடுத்த கருவி சேரிக்குள் வரும்போது இதையெல்லாம் கேளுங்கள். சாதி என்ற கட்டம் உன் படிவத்தில் இருக்கிறதா? ஊர்க்காற்றையும் சேரிக்காற்றையும் தனித்தனியாக அளப்பாயா? உன் அறநெறிக் குழுவில் சேரியிலிருந்து யார்? எடுத்த ரத்தமும் எழுதிய கணக்கும் யாருக்குச் சொந்தம்? முடிவைத் தமிழில், எங்கள் தெருவில் நின்று படித்துக் காட்டுவாயா? நீ போன பிறகு சிலிண்டருக்கு யார் பொறுப்பு?

பதில் வராவிட்டால் கருவியை மாட்டிக்கொள்ளாதீர்கள். பதில் எழுத்தில் வந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். கூடவே நம் பக்கத்து ஆள் ஒருவரையும் அந்தக் கணக்குக்குள் உட்கார வையுங்கள்.