ஆயம்மாவின் பயிற்சியும் நமது கோரிக்கைதான்



அண்மையில் சங்க வேலையாக ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தபோது, பிள்ளைக்காம்பரா வாசலில் சற்று நேரம் நின்றேன். நான்கு பிள்ளைகள் கொழுந்து நிறுக்கும் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கணக்கப்பிள்ளை. ஒருவன் இரண்டு கைகளையும் விரித்துத் தராசாக நின்றான். மற்ற இருவரும் சாக்குத் துண்டில் புல்லைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள்.

"அஞ்சு கிலோ. ரெண்டு கிலோ கழிச்சாச்சு" என்றாள் நான்கு வயதுக் கணக்கப்பிள்ளை. "ஏன் கழிச்ச?" என்று சண்டை தொடங்கிவிட்டது.

சத்தம் கேட்டு ஆயம்மா வந்தார். அதட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். "அஞ்சுல ரெண்டு போனா எத்தனை மிச்சம்? எண்ணிப் பார்ப்போமா?" ஐந்து கற்களை அடுக்கி, இரண்டை எடுத்து, மூன்று என்று எண்ணினார்கள். பிறகு கணக்கப்பிள்ளையைப் பார்த்து, "எதுக்குக் கழிச்ச, சொல்லு" என்றார். "தண்ணி இருக்கு" என்றாள் அவள். "தொட்டுப் பாரு, இருக்கா?" எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். புல் காய்ந்து கிடந்தது. கழித்த இரண்டு கிலோவும் திரும்பக் கிடைத்தது.

ஐந்து நிமிடம்தான். அதற்குள் அந்தப் பிள்ளைகள் எண்ணினார்கள், கழித்தார்கள், காரணம் கேட்டார்கள், சொன்ன காரணம் சரியா என்று கையால் தொட்டுப் பார்த்தார்கள், அடிபிடி இல்லாமல் நியாயம் பேசி முடித்தார்கள். புத்தகம் இல்லை, கொப்பி இல்லை. நான் அந்த ஆயம்மாவோடு பேசினேன். சில நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்தவராம். "அதுக்கு முன்னாடினா ஒரு சத்தம் போட்டு எல்லாரையும் படுக்க வச்சிருப்பேன் சேர்" என்றார்.

இந்த இதழில் நாம் பேச வந்தது அந்தப் பயிற்சியைப் பற்றித்தான்.

பிள்ளைக்காம்பரா எதற்காக வந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது. பிள்ளை வளர வேண்டும் என்பதற்காக அது கட்டப்படவில்லை. தாயின் இரண்டு கைகளும் கொழுந்துக்கு வேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்டது. ஆகவே பிள்ளை அழாமல், விழாமல், தொலையாமல் இருந்தால் போதும் என்பதே அங்கு வேலை செய்பவரிடம் எதிர்பார்க்கப்பட்டது. மலையில் வேலை செய்ய முடியாமல் போன அம்மாமார்களை அங்கே போட்டதும் அதனால்தான். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போன பிறகு, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் ஊடாகப் பல மாற்றங்கள் வந்தன. பிள்ளைக்காம்பரா 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' ஆனது. பொறுப்பாக இருப்பவர் 'சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்' ஆனார். 2015இல் உலக வங்கியின் 5 கோடி டொலர் கடனுதவியில் நாடு முழுவதற்கும் தொடங்கிய முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தித் திட்டத்தில் தோட்டங்களும் சேர்க்கப்பட்டன. புதுக் கட்டடங்கள் வந்தன, பயிற்சிகளும் நடந்தன. இவற்றை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெயர்ப்பலகையை மாற்றுவது சுலபம். உள்ளே பிள்ளையோடு பேசுபவர் மாறியிருக்கிறாரா என்பதே கேள்வி.

"விளையாடுறதுக்கு எதுக்குப் பயிற்சி? நம்ம பிள்ளைங்க தானா விளையாடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். பிள்ளை தானாக விளையாடும், உண்மைதான். அந்த விளையாட்டை எப்போது பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பது, எப்போது ஒரு கேள்வி போடுவது, எப்போது ஒதுங்கிக்கொள்வது என்பது ஒரு தொழில். இரண்டு இலையும் மொட்டும் பார்த்துக் கிள்ளப் பழகுவதைப் போல அதையும் பழக வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு எது ஏற்றது, நான்கு வயதுக்கு எது ஏற்றது என்று தெரிய வேண்டும். சிரட்டை, சோடா மூடி, நெருப்புப்பெட்டி, களிமண், உதிர்ந்த காய்கள் ஆகியவற்றால் என்னென்ன செய்யலாம் என்று தெரிய வேண்டும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குப் பிடிவாதமா, காது கேட்கவில்லையா என்று விளையாட்டின்போதே கவனித்து, மருத்துவ மாதுவிடம் சொல்லத் தெரிய வேண்டும். இவையெல்லாம்தான் பயிற்சி.

இதனால் உண்மையில் பலன் உண்டா? ஜமைக்கா நம் நாட்டைப் போலவே தோட்டங்களால் உருவான ஒரு தீவு. 1980களின் பிற்பகுதியில் அதன் தலைநகர் கிங்ஸ்டனில், போதிய வளர்ச்சியில்லாமல் குள்ளமாக இருந்த 129 சிறு பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு தொடங்கப்பட்டது. அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதார உதவிப் பெண்கள் வாரம் ஒரு தடவை ஒரு மணிநேரம் போனார்கள். அவர்கள் பெரிய பட்டதாரிகள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்கள். வீட்டிலேயே செய்த விளையாட்டுப் பொருட்களோடு போய், பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். இரண்டு வருடம் இது நடந்தது. இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது, அப்படி யாரும் போகாத வீட்டுப் பிள்ளைகளைவிட அவர்களுடைய உழைப்பு வருமானம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதிகமாக இருந்தது. இது 2014இல் வெளியான முடிவு.

இதை நம் கதையாக ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியில் நூற்றுக்கு 32 பேர். கிங்ஸ்டன் பிள்ளைகளின் நிலையில் நம் மூன்று பிள்ளைகளில் ஒன்று இருக்கிறது. திரிபோஷவும் முட்டையும் வேண்டும் என்று நாம் கேட்கிறோம். கேட்க வேண்டும். ஆனால் வயிற்றுக்குச் சோறு போலவே மூளைக்குப் பேச்சும் விளையாட்டும் வேண்டும். காலை ஏழு மணியிலிருந்து மாலை நான்கரை வரை, நம் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி ஆயம்மாவிடம்தான் கழிகிறது. அந்த மணித்தியாலங்கள் வெறுமனே போனால், லயத்துக்குக் களைத்துப்போய் வரும் தாயால் அவற்றை ஈடுசெய்ய முடியாது.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. "பிள்ளை நாள் முழுக்க விளையாடுது, ஒரு எழுத்தும் எழுதல" என்று ஆயம்மா மீதும் முன்பள்ளி ஆசிரியை மீதும் குறை சொல்கிறோம். அதற்குப் பயந்து அவர்கள் மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணிக்கிறார்கள். நான் தரம் ஒன்றுக்குப் படிப்பிக்கிறேன். கொப்பி நிறைய 'அ' எழுதி வந்த பிள்ளை, "உன் வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டால் வாய் திறக்காமல் தலையைக் குனிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். எழுத்தை மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பேசத் துணிவில்லாத பிள்ளைக்கு அந்தத் துணிவை வரவழைக்க வருடங்கள் வேண்டும். 1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே தரம் ஒன்றிலும் இரண்டிலும் வழிகாட்டப்பட்ட விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம் கொடுத்து, மேசை வேலையைப் பின்னால் வைத்தது. அரசாங்கப் பாடசாலையே ஆறு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டு முக்கியம் என்று சொல்லும்போது, மூன்று வயதுப் பிள்ளையை நாம் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயார்ப்படுத்துவது என்ன நியாயம்?

இனி ஆயம்மாமாரின் பக்கம். பயிற்சி என்று அறிவித்தல் வந்தால் அவர்கள் தயங்குவது சோம்பலினால் அல்ல. பயிற்சி தூரத்து ஊரில் நடக்கும். சிங்களத்தில் நடந்தால் பாதி விளங்காது. போகும் நாளில் பிள்ளைகளைப் பார்க்க மாற்று ஆள் இல்லை. பஸ் காசு கைக்காசு. முடித்துவிட்டு வந்தால் சான்றிதழைச் சுவரில் மாட்டலாம், சம்பளத்தில் ஒரு சதம் கூடாது. இப்படியிருந்தால் யார் போவார்கள்?

நம் சங்கத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். 2021இல் நாள் சம்பளம் 1,000 ரூபாவாகும்வரை எத்தனை வருடம் போராடினோம்! பிள்ளைக்காம்பராவைப் பற்றி நாம் எழுதிய கடிதங்களோ பெரும்பாலும் கூரை ஒழுகுகிறது, மலசலகூடம் உடைந்திருக்கிறது என்பவைதான். உள்ளே நடப்பதைப் பற்றி நாம் கேட்கவில்லை. அதை இனி மாற்ற வேண்டும். நமது கோரிக்கைகள் இவை:

1. பிள்ளைகளைப் பராமரிக்கும் ஒவ்வொருவருக்கும் விளையாட்டின் மூலம் கற்பித்தல் பற்றிய பயிற்சி தமிழிலேயே, போய்வரக்கூடிய தூரத்தில் நடத்தப்பட வேண்டும்.

2. பயிற்சி நாள் வேலை நாளாகக் கணக்கிடப்பட வேண்டும். அந்த நாளுக்கு மாற்று ஆளையும் போக்குவரத்துச் செலவையும் நிர்வாகம் கொடுக்க வேண்டும்.

3. ஒரு தடவை கருத்தரங்கு வைத்துக் கணக்கை முடிக்கக்கூடாது. பயிற்றுநர் பின்னர் நிலையத்துக்கே வந்து, பிள்ளைகள் மத்தியில் செய்து காட்ட வேண்டும்.

4. பயிற்சி தேசிய ரீதியில் ஏற்றுக்கொள்ளப்படும் தகைமைக்குக் கொண்டுபோக வேண்டும். தகைமை பெற்றவரின் சம்பளம் உயர வேண்டும்.

5. நீண்டகாலம் வேலை செய்த, அதிகம் படிக்காத அம்மாமாரை இதைச் சாட்டி வெளியே அனுப்பக்கூடாது. அவர்களுக்குத் தெரிந்த தாலாட்டும் கதையும் விடுகதையும் எந்தப் பாடநூலிலும் கிடைக்காதவை.

"செலவு" என்று துரைமார் சொல்வார்கள். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை விளையாட்டைப் பிள்ளையின் உரிமை என்கிறது. உரிமையைத் தோட்டத்தின் இலாப நட்டத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை.

தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னர் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பிள்ளைக்காம்பராவுக்குப் போய் அரைமணி நேரம் உட்காருங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் பார்க்கிறார்கள், யார் எந்தப் பயிற்சி பெற்றார்கள், கடைசியாக எப்போது என்று எழுதுங்கள். ஆயம்மாவைக் கூட்டத்துக்கு அழைத்து அவரைப் பேச விடுங்கள். அந்தத் தாளைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அடுத்த பேச்சுவார்த்தை மேசைக்கு நாம் அந்தத் தாள்களோடு போவோம்.

கழித்த கிலோவுக்குக் காரணம் கேட்கும் பிள்ளைகள் நம் லயங்களில் வளர்கிறார்கள். அவர்கள் கேட்கும்போது அதட்டி உட்கார வைக்காத ஒருவர் அவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.