நிழல் படையும் சாவடிப் பொறுப்பாளரும்



நம் மறைக்கல்வி வகுப்பின் மூத்த பிள்ளைகள் சில வாரங்களாக ஒரு வழக்கை நடத்தி வருகிறார்கள். கப்டன் அமெரிக்கா கையெழுத்திட மறுத்தது சரியா, தவறா என்பதே வழக்கு. 2016-இல் வெளிவந்த திரைப்படத்தைப் பார்க்காத பெரியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலகைக் காக்கும் மீயாற்றல் நாயகர்கள் இனித் தம் விருப்பப்படி இயங்கக் கூடாது, ஐ.நா.வின் மேற்பார்வைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று 117 நாடுகள் ஓர் உடன்படிக்கை கொண்டுவருகின்றன. அயர்ன் மேன் ஏற்கிறார். கப்டன் மறுக்கிறார். படத்துக்கு மூலமான 2006ஆம் ஆண்டின் சித்திரக்கதையில் இது ஒரு பதிவுச் சட்டம்: ஆற்றல் உள்ள ஒவ்வொருவரும் தம் உண்மைப் பெயரை அரசிடம் பதிந்தாக வேண்டும்.

“கோவிலில் இந்தக் கதைகள் எதற்கு, ஃபாதர்?” என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்தின் இரும்புத் தூண்களுக்கடியில் நடந்து திருப்பலிக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடைப்பது அரிது என்பதே என் கருத்து. அந்தத் தூண்களுக்கடியில் யார் படுத்திருந்தார்கள் என்பதை அவர்கள் சிறுவயதிலேயே கண்டவர்கள்.

சாகச நாயகர் கதைகளைக் குறைகூறுவோர், அவை தனிமனித வழிபாட்டை வளர்க்கின்றன என்பார்கள். அது பாதி உண்மைதான். 1938 ஜூன் மாத இதழில் சூப்பர்மேன் அறிமுகமான முதற்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அழியும் கோளிலிருந்து தந்தை அனுப்பிய குழந்தை பூமியில் விழுகிறது. வழியால் சென்ற ஒருவர் அதை எடுத்து ஓர் அனாதை இல்லத்தில் ஒப்படைக்கிறார். உலகின் மிகப் புகழ்பெற்ற மீயாற்றல் நாயகனின் வாழ்வில் முதலில் வருவது ஒரு வழிப்போக்கர். அடுத்து வருவது ஒரு நிறுவனம். நாயகன் பாரம் தூக்குவது அதன்பிறகுதான். அந்தக் கதையை உருவாக்கிய ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். அனாதைக் குழந்தை யார் கையில் போய்ச் சேர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எமது தலைமுறைக்கு இந்த உலகம் சிவகாசி வழியாகத் திறந்தது. 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வந்தது. பிரித்தானியச் சிறுவர் வார இதழொன்றில் 1962 முதல் வெளிவந்த தொடர் அது. ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்தவன், எஃகுக் கை பொருத்தப்பட்டவன், மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை மட்டும் தெரிய மற்ற உடல் மறைந்துவிடும். தொடக்கத்தில் அவன் குற்றவாளிதான் என்பதைப் பலர் மறந்துவிட்டோம். பிறகே அவன் ‘நிழல் படை’ என்னும் இரகசிய அரசு அமைப்பில் சேர்ந்து நல்லவனாகிறான். கவனியுங்கள், அவனுடைய ஆற்றல் அப்போது மாறவில்லை. அவனுக்கு ஆணையிடும் இடம் மட்டுமே மாறியது. அரசு முத்திரை குத்தியதும் கள்வன் காவலனாகிவிட்டான். எங்களுக்கு அதில் எந்த ஐயமும் எழவில்லை. பத்து வயதில் யாருக்கு எழும்?

வேதாளர் கதையிலோ இன்னும் விசித்திரம். காட்டு ரோந்துப் படை என்றோர் அமைப்பு உண்டு. அதன் தளபதி யார் என்பது அந்தப் படையினருக்கே தெரியாது. தலைமையகத்தில் உள்ள இரும்புப் பெட்டகத்தில் ஆணைத்தாள் இருக்கும். எடுத்து வாசித்து நிறைவேற்றுவார்கள். முகமே காணாத தலைவருக்குத் தலைமுறைகளாகக் கீழ்ப்படியும் ஆயுதப் படை! கதையில் தளபதி நல்லவர், ஆகவே எல்லாம் நலமாக முடிகிறது. இந்த இரகசிய அமைப்புகளின் பெயரைக் கேட்டுச் சிலிர்த்த எங்களுள் பலர் பிற்காலத்தில் உண்மையான நிழல் படைகளைக் கண்டோம். இலக்கத் தகடு இல்லாத வெள்ளை வான்களுக்கு யார் ஆணையிட்டார்கள் என்று தேடி அலையும் தாய்மார் இன்றும் புகைப்படங்களை ஏந்தி வீதியில் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு தரப்பு மட்டுமே அப்படிச் செய்தது என்றும் நாம் சொல்ல முடியாது. இரகசியத் தளபதி கதைகளைத் தமிழர் யாரும் இனி வெறும் பொழுதுபோக்காக வாசிக்க இயலாது.

பிற்காலச் சித்திரக்கதை ஆசிரியர்களுக்கும் இந்த ஐயம் வந்தது. 1965-இல் மார்வெல் உருவாக்கிய ஷீல்ட் அமைப்பு, 2014-இன் திரைப்படத்தில் உள்ளிருந்தே பகைவரால் அரிக்கப்பட்டிருக்கிறது. தமிழில் ‘இரத்தப் படலம்’ என்று நாம் அறிந்த பதின்மூன்றாம் எண்காரனின் கதை, இங்குள்ள நூலகங்களில் நம் பிள்ளைகள் பிரெஞ்சிலேயே எடுத்து வாசிக்கும் கதை, முழுக்க முழுக்க அரச மாளிகைக்குள் நடக்கும் சதியைப் பற்றியது.

கப்டன் அமெரிக்காவின் மறுப்புக்கு வருவோம். அவரைப் படைத்த ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் யூதக் குடியேறிகளின் மக்கள். 1941-இன் முதல் இதழின் அட்டையிலேயே அவர் ஹிட்லரைக் குத்துகிறார். அந்த இதழ் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1940 அக்டோபரில், இதே பாரிசில் யூதர்கள் காவல் நிலையங்களுக்குச் சென்று தம் பெயரையும் முகவரியையும் பதிய வேண்டியிருந்தது. பெரும்பாலோர் சட்டத்தை மதித்துப் பதிந்தார்கள். அந்த அட்டைகளை வைத்துக்கொண்டே 1942 ஜூலை 16, 17 ஆகிய நாள்களில் பிரெஞ்சுக் காவற்றுறையினர் வீடுவீடாகச் சென்று பதின்மூவாயிரம் பேரளவில் கைதுசெய்தனர். அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேர் குழந்தைகள். பேட்மேன் கதையின் காவல் ஆணையர் கோர்டன் போன்ற நல்ல அதிகாரிகள் சிலர் முன்கூட்டியே எச்சரித்து உயிர்களைக் காத்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அமைப்பு தன் வேலையைச் செய்துமுடித்தது.

அப்படியானால் பதிவேடே வேண்டாமா? நம் கதை அதற்கு இடங்கொடாது. 1952-இல் நிறுவப்பட்ட ஒஃப்ரா அலுவலகத்தின் ஒரு கோப்பில் நம் பெயர் ஏறியதால்தான் நம்மில் பலர் இன்று லாச்சப்பலில் கடை வைத்திருக்கிறோம், பிள்ளைகளைப் படிக்கவைக்கிறோம். ஆகவே பிள்ளைகளின் வழக்கில் என் தீர்ப்பு கப்டனுக்கு முழுமையாகச் சாதகமானதன்று. ஆற்றல் உள்ளவர் கணக்குக் கொடுக்கத்தான் வேண்டும். அயர்ன் மேன் அந்த அளவில் சரி. ஆனால் நம் உலகில் நடப்பது தலைகீழ். ஆற்றல் மிக்கவரின் கணக்கு கடைசிவரை மூடியே இருக்கிறது. ஆற்றலற்றவரிடமே முதலில் கைரேகை வாங்கப்படுகிறது.

இது உவமை அன்று. டப்ளின் ஒழுங்குவிதியின்படி, கடல் கடந்து வந்தவர் ஐரோப்பாவில் முதலில் கைரேகை பதிந்த நாடே பெரும்பாலும் அவருடைய கோரிக்கைக்குப் பொறுப்பு. இத்தாலியில் விரல் வைத்தவர் பாரிசில் தஞ்சம் கேட்டால் இத்தாலிக்கே அனுப்பப்படலாம். அதற்கு அஞ்சி, விரல் நுனிகளைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. 2016-இல் ஸ்டாலின்கிராடிலும் ஜோரேசிலும் மேம்பாலத்தின் கீழ்க் கூடாரமடித்துக் கிடந்த ஆப்கானியர், சூடானியர், எரித்திரியர் ஆகியோரிடையே இத்தகையோர் பலர் இருந்தனர். அந்த ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் விடியற்காலையில் பேருந்துகள் வந்து 3,000-க்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றன. இடமும் உணவும் கொடுக்கத்தான் ஏற்றினார்கள். அரசு அன்று உதவிக்கரமாகவே வந்தது. ஆயினும் அதே பேருந்தில் ஏறியவர்களுள் சிலருக்குப் பின்னர் வந்தது டப்ளின் கடிதம். (கலேயில் இருந்த முகாமை ‘காடு’ என்றே அழைத்தார்கள். காட்டு ரோந்துப் படையைச் சிறுவயதில் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் காதில் எப்படி விழுந்திருக்கும்!)

ஒரே அரசு சில வேளை கதவை உடைக்கும், சில வேளை கதவைத் திறக்கும். இங்கிருந்து சற்றுத் தூரத்திலுள்ள புனித பெர்னார்து ஆலயத்தில் 1996 ஜூன் இறுதியில் ஏறத்தாழ 300 ஆப்பிரிக்கர் குழந்தைகளோடு தஞ்சம் புகுந்தனர். பங்குத்தந்தை அவர்களை வெளியேற்றவில்லை. ஆகஸ்ட் 23 காலை காவற்படையினர் ஆலயக் கதவைக் கோடரியால் பிளந்து உள்ளே நுழைந்தனர். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. 1997 ஜூனில் வெளியான சுற்றறிக்கையின் விளைவாகச் சுமார் 80,000 பேருக்கு ஆவணங்கள் கிடைத்தன. இடைப்பட்ட காலத்தில் அவர்களுக்கு மீயாற்றல் எதுவும் முளைத்துவிடவில்லை. உடன் நின்றவர்கள் ஓயவில்லை, அவ்வளவுதான். அதே ஆகஸ்ட் 23, 1942-இல் துலூஸ் பேராயர் சலியேஜ் யூதர்களும் மனிதர்களே என்று எழுதிய மடலின் நாளாகவும் இருக்கிறது. அதை வாசிக்கக் கூடாதென்று அரச அதிகாரி தடுத்தும் பல பங்குகளில் குருக்கள் பீடத்திலிருந்து வாசித்தார்கள்.

நல்ல சமாரியர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். எல்லாரும் சமாரியரையே பேசுகிறோம். அவர் ஓரிரவுதான் தங்கினார். மறுநாள் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்துவிட்டுத் தம் வழியே போனார். எண்ணெயும் கட்டும் மாற்றி, கஞ்சி கொடுத்து, அடிபட்டவர் எழுந்து நடக்கும்வரை பார்த்துக்கொண்டவர் பெயரற்ற சாவடிப் பொறுப்பாளர். செலவு மிஞ்சினால் திரும்பி வந்து தருவதாகச் சமாரியர் சொன்ன வாக்கைத் தவிர அவரிடம் எந்தப் பிணையும் இல்லை. அரசுக்குள் இருக்கும் நண்பர் யார் என்று கேட்டால், அரிமத்தியா யோசேப்பைச் சொல்வேன். தலைமைச் சங்க உறுப்பினர். பிலாத்துவின் கதவைத் தட்டும் தகுதி சீடர்கள் எவருக்கும் இல்லை, அவருக்கு இருந்தது. அதைத் தமக்காக அல்லாமல், கொல்லப்பட்ட ஒருவரின் உடலுக்காகப் பயன்படுத்தினார்.

லாச்சப்பல் தமிழர் நாம் இன்று இவ்விருவரின் இடத்தில் இருக்கிறோம் என்பதைச் சொல்லவே இவ்வளவு எழுதினேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நாம் சாலையோரம் கிடந்தவர்கள். இன்று நம்மிடம் அட்டை இருக்கிறது, பலரிடம் வாக்குரிமையும் இருக்கிறது. பிரெஃபெக்சரில் எந்தச் சாளரத்தில் எந்தத் தாளைக் கேட்பார்கள் என்பது மனப்பாடம். அப்படியிருந்தும், “அவங்களால வியாபாரம் கெடுது ஃபாதர்” என்ற குரல் நம்மிடையே எழுகிறது. நடைபாதை அடைபட்டால் கடைக்காரருக்கு வலிக்கும். அந்த வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் வந்தபோது நம்மைப் பற்றியும் யாரோ இதையே சொன்னார்கள்.

இன்னொரு தயக்கம் சட்டத்தைப் பற்றியது. “விசா இல்லாதவங்களுக்கு உதவினா பொலிஸ் பிரச்சினை வராதா?” ரோயா பள்ளத்தாக்கில் குடியேறிகளுக்கு உதவியதற்காகத் தண்டிக்கப்பட்ட செத்ரிக் எரூ என்ற விவசாயியின் வழக்கில், 2018 ஜூலை 6 அன்று பிரெஞ்சு அரசியலமைப்பு மன்றம் தெளிவான தீர்ப்பளித்தது. இந்நாட்டின் குறிக்கோள் வாசகத்திலுள்ள சகோதரத்துவம் அரசியலமைப்பு வலுவுடைய கோட்பாடு என்றது. கைம்மாறு பெறாமல், மனிதநேய நோக்கில், நாட்டுக்குள் இருக்கும் ஒருவருக்கு உதவுவது அவருக்குச் சட்டப்படியான வதிவிட உரிமை இல்லாவிடினும் குற்றமாகாது. எல்லையைச் சட்டவிரோதமாகக் கடக்க உதவுவது மட்டும் இன்னும் குற்றமே. ஆகவே ஒரு கடிதத்தை வாசித்துப் பொருள் சொல்வதற்காக எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

கடிதம் என்றது தற்செயலாக அன்று. தஞ்சம் கோருவோர் மிகுதியும் தடுக்கி விழுவது தாள்களில்தான். ஒஃப்ரா படிவத்தில் தம் வாழ்க்கையைப் பிரெஞ்சில் எழுத வேண்டும். கடிதம் வந்துசேர ஒரு முகவரி வேண்டும். மேன்முறையீட்டுக்கான நாள் தவறினால் பெரும்பாலும் வழி அடைபட்டுவிடும். முகவரி கொடுக்கும் அமைப்புகள் பாரிசில் உள்ளன. சட்டம் பேசுவதற்கு 1939 முதல் சிமாத் இருக்கிறது, நம் திருச்சபைக்கு 1946 முதல் செகூர் கத்தோலிக் இருக்கிறது. அவர்களிடம் குறைவாக இருப்பது, அருகில் அமர்ந்து பொறுமையாக வாசித்துச் சொல்லும் ஆள்கள். நம் இளையோர் வீட்டில் அம்மா அப்பாவுக்கு வந்த கடிதங்களை ஏழு வயதிலிருந்தே மொழிபெயர்த்து வளர்ந்தவர்கள். இந்த வேலையில் அவர்களைவிடப் பயிற்சி பெற்றவர் இந்நகரில் யார்?

ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் பங்கில் இருக்கின்றன. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பிற்பகல் வர இயலுவோர் ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்னிடம் பெயர் தரலாம். பதினெட்டு வயது நிறையாதவர்கள் பெற்றோரில் ஒருவரோடு வரவும். அந்தப் பெற்றோருக்கும் வேலை உண்டு, தேநீர் ஊற்ற ஆள் வேண்டும். கப்டன் கட்சியினரும் அயர்ன் மேன் கட்சியினரும் எதிரெதிரே அமர்ந்து வழக்கைத் தொடரலாம், வருபவர் கடிதத்தை நீட்டும்வரை.