அமெரிக்க ஆய்வு நிதியும் யாழ்ப்பாணத்துக்கு வந்த மின்னஞ்சலும்

2025 மார்ச் மாதத்தில் ஒருநாள் இரவு பத்து மணிக்குப் பிறகு எனக்குத் தெரிந்த மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். உயிரியல் துறையில் சிறப்புப் பட்டம் முடித்து, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்திருந்தார். நேர்முகத் தேர்வு நன்றாக நடந்திருந்தது. ஆனால், இவ்வாண்டு நிதி நிலைமை நிச்சயமற்றதாக இருப்பதால் புதிய மாணவர்களைச் சேர்க்கப்போவதில்லை என்ற சாரத்தில் அன்று மாலை மின்னஞ்சல் ஒன்று வந்திருந்தது.

"என்னை வேண்டாம் எண்டு சொல்லேல்லை அக்கா. காசு வருமோ வராதோ எண்டு தெரியாதாம். அவ்வளவு பெரிய நாட்டிலை எப்பிடிக் காசு இல்லாமல் போகும்?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் ஊடகக் கற்கை படித்தவள். ஆய்வுகூடத்துக்குள் போனதெல்லாம் செய்தி சேகரிப்பதற்காக மட்டும்தான். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மருத்துவ ஆய்வுக்கு ஓர் அரசு எப்படிப் பணம் கொடுக்கிறது, அந்தப் பணம் யார் யார் கையைத் தாண்டி ஒரு மாணவியின் மாதாந்தக் கொடுப்பனவாக மாறுகிறது என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல் கடைசியில் நம் நாட்டைப் பற்றியும் சில கேள்விகளை எழுப்பியது.

பணம் எங்கிருந்து வருகிறது?

உலகில் மருத்துவ ஆய்வுக்கு மிக அதிகமாகச் செலவழிக்கும் அரச அமைப்பு, என்.ஐ.எச். எனப்படும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம். 1887இல் நியூயோர்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த கடலோடிகளுக்கான வைத்தியசாலை ஒன்றில், ஒரேயோர் அறை ஆய்வுகூடமாகத் தொடங்கியது. இன்று புற்றுநோய், இதயம், தொற்றுநோய் என்று 27 நிறுவனங்களும் மையங்களும் அதன்கீழ் இயங்குகின்றன. ஆண்டு ஒதுக்கீடு ஏறத்தாழ 48 பில்லியன் டொலர்.

இந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் அதன் சொந்த ஆய்வுகூடங்களில் செலவாகிறது. எட்டுப் பங்குக்கும் மேல் வெளியே போகிறது. 2023 நிதியாண்டில் மட்டும் 2,500க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள், வைத்தியசாலைகள், ஆய்வு நிலையங்களில் பணியாற்றும் 300,000க்கும் அதிகமான ஆய்வாளர்களுக்கு 35 பில்லியன் டொலருக்கு மேல் சென்றிருக்கிறது.

யாருக்குக் கொடுப்பது என்பதை அமைச்சரோ அதிகாரியோ தன்னிச்சையாக முடிவுசெய்வதில்லை என்பதுதான் இந்த அமைப்பின் பலம். ஆய்வாளர் ஒருவர் தன் திட்டத்தை எழுதி அனுப்பினால், அதே துறையில் வேறு நிறுவனங்களில் பணியாற்றும் விஞ்ஞானிகளின் குழு அதை வாசிக்கும். 1 மிகச் சிறந்தது, 9 மிக மோசமானது என்று புள்ளியிடுவார்கள். ஏறத்தாழ அரைவாசி விண்ணப்பங்கள் கூட்டத்தில் விவாதிக்கப்படுவதே இல்லை. விண்ணப்பதாரரோடு தொடர்புள்ளவர் குழுவில் இருந்தால், அந்த விண்ணப்பம் பேசப்படும்போது அவர் வெளியேற வேண்டும். அடுத்த கட்டமாக ஆலோசனைச் சபையொன்று மீண்டும் பார்க்கும். அதற்குப் பிறகே நிறுவனப் பணிப்பாளர் கையெழுத்திடுவார். ஐந்து விண்ணப்பங்கள் போனால் ஒன்றுக்குத்தான் நிதி கிடைக்கும் என்பது பொதுவான நிலைமை.

இந்த முறையிலும் குறைகள் உண்டு. ஏற்கெனவே பேர் பெற்றவர்களுக்கும் பெரிய பல்கலைக்கழகங்களுக்குமே பணம் திரும்பத் திரும்பப் போகிறது என்ற முறைப்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் விளைவையும் பார்க்க வேண்டும். 2010 முதல் 2016 வரை அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட 210 புதிய மருந்துகள் ஒவ்வொன்றின் பின்னாலும் என்.ஐ.எச். பணத்தில் நடந்த ஆய்வு இருந்தது என்று 2018இல் வெளியான கட்டுரையொன்று காட்டியது. மருந்தை விற்பது கம்பனி. அதற்கு அடித்தளம் போட்டது வரிப்பணம்.

மாணவருக்குக் காசு வரும் வழி

மருத்துவ அறிவியலில் கலாநிதிப் பட்டம் படிப்பவர் அமெரிக்காவில் பெரும்பாலும் கட்டணம் கட்டுவதில்லை. மாறாக, அவருக்குத்தான் மாதாந்தக் கொடுப்பனவு கிடைக்கும். அது இரண்டு வழிகளால் வரலாம். ஒன்று, மாணவர்களைப் பயிற்றுவதற்கென்றே அரசு பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கும் பயிற்சி நிதி. 1974இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின்கீழ் இது வழங்கப்படுகிறது. 2024இல் கலாநிதிப் பட்ட மாணவருக்கு ஆண்டுக்கு 28,224 டொலர் என்றும், பட்டம் முடித்துப் புதிதாக வருபவருக்கு 61,008 டொலர் என்றும் தொகை நிர்ணயிக்கப்பட்டிருந்தது.

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்தப் பயிற்சி நிதி அமெரிக்கப் பிரஜைகளுக்கும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே. இலங்கையிலிருந்து போகும் மாணவிக்கு அந்தக் கதவு திறக்காது. அவர் இரண்டாவது வழியைத்தான் நம்பியிருக்க வேண்டும்: பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து ஆய்வு உதவியாளருக்கான கொடுப்பனவு, அல்லது பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணம். அதனால் ஆய்வு நிதி ஆட்டங்காணும்போது முதலில் தடுமாறுபவர்களில் வெளிநாட்டு மாணவரும் ஒருவராகிறார். எனக்கு வந்த தொலைபேசி அழைப்பின் காரணம் இங்கேதான் புரிந்தது.

உபயமும் மின்கட்டணமும்

2025 பெப்ரவரி 7ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, என்.ஐ.எச். ஓர் அறிவித்தல் விட்டது. மறைமுகச் செலவுக்கு இனி எல்லாருக்கும் 15 சதவீதம்தான். திங்கட்கிழமை முதல் நடைமுறை.

மறைமுகச் செலவு என்றால் என்ன? கோயில் திருவிழாவில் ஒருநாள் உபயம் செய்பவர் பூவுக்கும் பிரசாதத்துக்கும் மேளத்துக்கும் பணம் கொடுப்பார். ஆனால் கோயிலின் மின்கட்டணத்தையும் கூரை திருத்தும் செலவையும் காவலாளியின் சம்பளத்தையும் யார் கொடுப்பது? ஆய்விலும் அப்படித்தான். இரசாயனமும் ஆய்வாளரின் சம்பளமும் நேரடிச் செலவு. கட்டடம், மின்சாரம், குளிரூட்டி, கழிவகற்றல், கணக்காய்வு எல்லாம் மறைமுகச் செலவு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அரசோடு பேசி இதற்கொரு வீதத்தை வைத்திருந்தது. சராசரி 27, 28 சதவீதம். ஹார்வர்டுக்கு 69. இதைப் பலர் தவறாக விளங்கிக்கொண்டார்கள். நூறு டொலரில் 69 டொலர் கட்டடத்துக்குப் போகிறது என்பது இதன் பொருளல்ல. நூறு டொலர் நேரடிச் செலவுக்கு மேலதிகமாக 69 டொலர் கொடுக்கப்படுகிறது என்பதே பொருள். 2023இல் சென்ற 35 பில்லியனில் ஏறத்தாழ 9 பில்லியன் இப்படிப் போனது.

அரசின் வாதத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கேட்ஸ் அறக்கட்டளை பல்கலைக்கழகங்களுக்கு மறைமுகச் செலவாக 10 சதவீதத்துக்கு மேல் கொடுப்பதில்லை. அதையும் அவை வாங்கத்தானே செய்கின்றன என்று கேட்டார்கள். ஆனால் தனியார் அறக்கட்டளை அந்தக் குறைந்த வீதத்தில் கொடுக்க முடிவது, அதே கட்டடத்தின் மின்கட்டணத்தில் பெரும்பகுதியை அரசு தாங்குவதால்தான் என்பது பல்கலைக்கழகங்களின் பதில். வீதத்தைக் குறைப்பது பற்றிப் பேசலாம். வெள்ளிக்கிழமை அறிவித்துத் திங்கட்கிழமை வெட்டினால், பல்கலைக்கழகம் முதலில் செய்வது புதிய ஆட்களை எடுப்பதை நிறுத்துவதுதான்.

22 மாநிலங்கள் நீதிமன்றம் போயின. பொஸ்டனிலுள்ள நீதிபதி ஏஞ்சல் கெலி அந்த அறிவித்தலைத் தடுத்தார். ஏப்ரலில் தடை நிரந்தரமானது. 2026 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இந்த வீதங்களை மாற்றக்கூடாது என்று காங்கிரஸ் 2018 முதல் ஒதுக்கீட்டுச் சட்டங்களிலேயே எழுதி வந்திருப்பது முக்கிய காரணம்.

வெட்டாமலே நிறுத்துவது

அந்த ஆண்டில் நடந்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுக்கள் கூட வேண்டுமானால், அதுபற்றி முன்கூட்டியே அரச வர்த்தமானி போன்ற பதிவேட்டில் அறிவித்தல் வெளியாக வேண்டும். 2025 ஜனவரியில் புதிய நிர்வாகம் வந்ததும் அந்த அறிவித்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அறிவித்தல் இல்லை, ஆகவே கூட்டம் இல்லை. கூட்டம் இல்லை, ஆகவே புதிய நிதி இல்லை. ஒரு டொலரைக்கூட சட்டப்படி வெட்டாமல் முழு இயந்திரத்தையும் வாரக்கணக்கில் நிறுத்திவைக்க முடிந்தது.

மே மாதத்தில் அடுத்த அறிவித்தல் வந்தது: அமெரிக்கப் பல்கலைக்கழகம் தன் ஆய்வு நிதியிலிருந்து வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும் பழைய முறை, புதிய ஏற்பாடு வரும்வரை நிறுத்தப்படுகிறது. ஆசிய, ஆபிரிக்க நாடுகளின் பல ஆய்வுகள் இந்த வழியில்தான் நடந்துவந்தன. 2026க்கு ஜனாதிபதி ட்ரம்ப் முன்வைத்த பாதீட்டில் என்.ஐ.எச். ஒதுக்கீட்டை 27.5 பில்லியனாக, அதாவது ஏறத்தாழ 40 சதவீதத்தால் குறைக்கும்படி கேட்கப்பட்டது. நம்மைப் போன்ற நாடுகளின் ஆய்வாளர்களைப் பயிற்றுவிக்க 1968இல் தொடங்கப்பட்ட ஃபோகார்ட்டி சர்வதேச நிலையத்தை மூடும் யோசனையும் அதில் இருந்தது. காங்கிரஸ் இந்த வெட்டை ஏற்கவில்லை. 2025 ஜூலையிலேயே செனட்டின் ஒதுக்கீட்டுக் குழு, குடியரசுக் கட்சியினர் பெரும்பான்மையாக இருந்தும், தொகையைச் சற்றுக் கூட்டியே பரிந்துரைத்தது.

ஆக, மொத்தத் தொகை பெரும்பாலும் தப்பியது. ஆனால் அந்த மாணவியின் ஓராண்டு தப்பவில்லை. ஐந்தாண்டு ஆய்வுக்கு வாக்குறுதி தரப்படுகிறது, பணமோ ஆண்டுக்கு ஆண்டு நாடாளுமன்றம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியை நிரப்பியது நம்பிக்கை மட்டுமே. அது உடைந்தால் தொகை அப்படியே இருந்தாலும் கதவுகள் மூடும்.

நம்முடைய கணக்கு

அமெரிக்காவைக் குறைசொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால், நம் பிள்ளைகள் ஏன் இன்னொரு நாட்டு மக்களின் வரிப்பணத்தை நம்பியிருக்கிறார்கள்?

இலங்கை மருத்துவ ஆய்வுக்குப் புதிய நாடல்ல. பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் வரலாறு 1900இல் தொடங்குகிறது. போட்டி அடிப்படையில் நிதி வழங்க தேசிய விஞ்ஞான மன்றமும், 1999இல் உருவான தேசிய ஆராய்ச்சிச் சபையும் இருக்கின்றன. ஆனால் ஆய்வு, அபிவிருத்திக்கான நாட்டின் மொத்தச் செலவு, மொத்தத் தேசிய உற்பத்தியில் 0.1 சதவீதத்தைச் சுற்றியே பல ஆண்டுகளாக நிற்கிறது. மருத்துவம் மட்டுமல்ல, எல்லாத் துறைகளும் சேர்த்துத்தான் இந்த அளவு. பல்கலைக்கழகங்களின் ஆய்வுக்கும் பணம் தந்த பெரிய திட்டங்களில் ஒன்று, 2017இல் தொடங்கிய 100 மில்லியன் டொலர் உலக வங்கித் திட்டம். வெளியிலிருந்து வரும் திட்டத்துக்கு முடிவுத் திகதி உண்டு. நோய்க்கு இல்லை.

வடமத்திய மாகாண விவசாயிகளை 1990களிலிருந்து வாட்டும், காரணம் உறுதியாகாத சிறுநீரக நோயை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனமும் நம் தேசிய விஞ்ஞான மன்றமும் சேர்ந்து நிதியளித்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2013இல் வெளியாகின. ஆய்வுசெய்த பகுதிகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் இந்நோய் இருப்பதாக அது கண்டது. கேள்விக்கு முழுப் பதில் இன்றுவரை இல்லை. இத்தகைய கேள்விக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஒரே குழு ஒரே மக்களைப் பின்தொடர வேண்டும். ஈராண்டுத் திட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்து அதைச் செய்ய முடியாது.

பயிற்சியில் நிலைமை இன்னும் விசித்திரமானது. விசேட வைத்தியர்களை உருவாக்க நாம் கணிசமாகச் செலவழிக்கிறோம். பட்டப்பின் மருத்துவ நிறுவகம் பயிற்றுவிக்கிறது. அரசு சம்பளத்தோடு வெளிநாட்டுப் பயிற்சிக்கும் அனுப்புகிறது. திரும்பிவந்து சேவைசெய்ய முறி எழுதி வாங்குகிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் வெளியேறுவது நாமெல்லாரும் கண்ட விடயம். ஆனால் மருத்துவ ஆய்வாளரை உருவாக்க இதற்கு நிகரான, ஆண்டுதோறும் உறுதியாக வரும் ஏற்பாடு எதுவும் இல்லை. உயிரியல் பட்டதாரிக்குக் கிடைப்பது தற்காலிகப் போதனாசிரியர் பதவி, அல்லது யாரோ ஒருவரின் ஆய்வுத் திட்டத்தில் குறுகிய கால வேலை.

48 பில்லியன் நம்மிடம் இல்லை, வரப்போவதுமில்லை. ஆனால் அந்த அமைப்பிடமிருந்து கடன் வாங்காமலே எடுத்துக்கொள்ளக்கூடியவை உண்டு. கொடுக்கும் சிறிய தொகையையும் ஐந்தாண்டுக்கு உறுதிசெய்து கொடுக்கலாம். யாருக்கு, எதற்கு, எவ்வளவு, யார் மதிப்பிட்டார்கள் என்பதை மூன்று மொழிகளிலும் வெளியிடலாம். ஒவ்வொரு ஆய்வு நிதிக்குள்ளும் ஒரு மாணவரின் கொடுப்பனவைக் கட்டாயமாக்கலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மருத்துவம் கற்பிக்கும் பீடங்கள் இருக்கின்றன. அங்கே கொழும்பைப் போன்ற ஆய்வுகூட வசதி இல்லையென்றால் விண்ணப்பம் எழுதும்போதே அவை பின்தங்கிவிடும். கட்டடத்துக்கும் மின்சாரத்துக்கும் யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி, பொஸ்டன் நீதிமன்றத்தில் எழுந்ததுபோலவே இங்கேயும் எழ வேண்டியது.

அந்த மாணவியோடு அண்மையில் மீண்டும் பேசினேன். தற்காலிகப் போதனாசிரியராக வேலை செய்கிறார். வேறு இரண்டு நாடுகளுக்கு விண்ணப்பித்திருக்கிறாராம். இங்கேயே செய்ய விருப்பமில்லையா என்று கேட்டேன்.

"விருப்பம் இருக்கு அக்கா. டெங்குவிலைதான் செய்யவேணும் எண்டு நினைச்சனான். அது இஞ்சைதானே இருக்கு. ஆனால் மூண்டு வருசத்துக்குச் சம்பளம் தாறம் எண்டு இஞ்சை ஆர் எழுதித் தருவினம்?"

இம்முறையும் என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் வொஷிங்டன் அல்ல என்பது மட்டும் இப்போது எனக்குத் தெரியும்.