வழிவிட்டவர்களுக்கு வழி எங்கே?

நகரம் ஒன்றினூடே இரும்புப் பாதை வருகிறதெனின், தண்டவாளம் இடுவது அங்கே முதல் வேலையாக இருப்பதில்லை. தரைக்குக் கீழே கிடக்கும் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் கால்வாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி ஆகியவற்றுக்கு வேறிடம் தேடுவதே முதல் வேலை. இவற்றை யார் அகற்றுவது, யார் செலவில் அகற்றுவது, அகற்றிய நாளுக்கும் மாற்றிய நாளுக்கும் இடையே மக்கள் எதனைக் குடிப்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் முன்கூட்டியே விடை காணப்படல் வேண்டும். பொறியியலாளருக்கு இது தொழில்நுட்பக் காரியம். அரசியல் உரிமைக்காகப் போராடும் மக்களுக்கோ இது நீதியின் காரியம்.

புகையிரதமே எட்டிப் பாராத மஸ்கெலியாவுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். 1884ஆம் ஆண்டில் ஹட்டனை அடைந்த பாதை, மறு ஆண்டு நானுஓயாவுக்கு ஏறிச் சென்றதேயன்றி எமது பள்ளத்தாக்கினுள் இறங்கவில்லை என்பது உண்மையே. ஆயினும், பெருந்திட்டமொன்றுக்கு வழிவிடுதல் என்றால் என்ன என்பதனை மஸ்கெலியாவைப் போல் அனுபவித்தறிந்த ஊர்கள் இந்நாட்டில் மிகச் சில. பிறர் குழாயைப் பெயர்த்தார்கள். எம்மவரோ ஊரையே பெயர்த்து வைத்தார்கள். ஆதலால் இதுபற்றிப் பேசும் உரிமை எமக்கு உண்டு. பேச வேண்டிய கடமையும் உண்டு.

முதலில் நகரங்களில் நடப்பதைப் பார்ப்போம். சென்னையில் மெட்ரோ இரயில் வேலை 2009இல் தொடங்கிற்று. 2015 ஜூன் 29ஆம் நாள் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே முதல் வண்டி ஓடிற்று. அதன் இரண்டாம் கட்டம் 3 வழித்தடங்களில் 118.9 கிலோமீற்றர் நீளமுடையது. இத்தகைய வேலையில், குழாய்களையும் கம்பிகளையும் இடம்மாற்றும் செலவு திட்ட மதிப்பீட்டிலேயே தனித் தலைப்பின் கீழ் இடம்பெறுகிறது. பழைய குழாயை வெட்டுவதற்கு முன்னர், அதன் அருகே புதிய குழாய் இடப்பட்டு நீர் திருப்பப்பட வேண்டும் என்பது முறை. தெருக்கள் தோண்டப்பட்டன, மக்கள் அல்லலுற்றனர், முறை எங்கும் வழுவாது காக்கப்பட்டது என்று நாம் கூறவில்லை. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. அது வழுவினால் கேட்பதற்குக் குடிநீர் வாரியமும், மாநகராட்சியும், வாக்குச் சீட்டுக் கையிலுள்ள மக்களும் இருக்கின்றனர்.

கொழும்பிலும், மாலபேயிலிருந்து கோட்டை வரை 15.7 கிலோமீற்றர் நீளத்துக்கு மென்ரக இரயில் பாதையொன்றை ஜப்பானியக் கடனுதவியுடன் அமைக்க 2019இல் ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2020இல் அரசாங்கம் அதனைக் கைவிட்டது. கைவிட்டது சரியா பிழையா என்பது வேறு விவாதம். அத்திட்டத்திலும் பாதைக்குக் குறுக்கே கிடந்த குழாய்களையும் கம்பிகளையும் இடம்மாற்றுவது ஒரு தனி வேலையாகவே கருதப்பட்டது என்பதே நாம் இங்கு சுட்டவிரும்புவது. மாநகரில் ஒரு குழாய்க்குக் கிடைக்கும் மதிப்பு அத்தகையது.

அம் மாநகரக் குழாயினுள் ஓடும் நீர் எங்கிருந்து வருகிறது? மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடியே களனி கங்கையாகின்றன. அக் கங்கை நீரை அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்தே கொழும்பு தனது குடிநீரில் பெரும்பகுதியைப் பெறுகிறது. சிவனொளிபாதமலைச் சாரலில் பெய்யும் மழை, வழியில் சுழலிகளைச் சுற்றி மின்சாரம் தந்துவிட்டு, இறுதியில் தலைநகரின் வீடுகளுக்குள் புகுகிறது. அந்நீரைத் தேக்கி வைப்பதற்காகவே எமது பழைய நகரம் நீருக்குள் போயிற்று.

மஸ்கெலியா ஓயாவை மறித்து எழுந்த மவுசாகலை அணை 1969இல் நிறைவெய்தியது. பழைய மஸ்கெலியா நகரம் நீர்த்தேக்கத்துள் மறைய, இன்றைய நகரம் மேட்டில் எழுந்தது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய வழிபாட்டுத் தலங்களின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டுகின்றன. அவற்றைக் காண்பதற்கு வெளியூரார் வந்து படம் பிடித்துச் செல்கின்றனர். மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதே. 1918ஆம் ஆண்டிலேயே இம்மலைகளின் நீர்வலுவைக் கொண்டு நாட்டுக்கு ஒளியூட்டலாம் என்று எடுத்துரைத்த பொறியியலாளர் விமலசுரேந்திரவின் கனவு பெருங்கனவே. அதனை நாம் குறைகூறவில்லை. அக்கனவுக்காக யாருடைய நிலம் கேட்கப்பட்டது, யாருடைய சம்மதம் கேட்கப்படவில்லை என்பதே எமது கேள்வி.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மஸ்கெலியாத் தொகுதி, இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த ஜீ. ஆர். மோத்தாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அதே தொகுதியில் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று ஒதுக்கி வைத்தது. நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் பாராளுமன்றம் சென்றது 1977இலேதான். இவ்விரு தேர்தல்களுக்கும் இடைப்பட்ட, வாயடைக்கப்பட்ட காலத்திலேயே எமது பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியது. வாக்கில்லாதவன் வாசலில் அணை கட்டுவது எளிது. அவனிடம் கேட்க வேண்டியதில்லை, தேர்தலில் அவனுக்கு மறுமொழி கூற வேண்டியதுமில்லை.

அணையில் பிறந்த மின்சாரம் உயரமான கம்பங்களில் ஏறி மலைகளைத் தாண்டிச் சென்றது. அக்கம்பிகளுக்குக் கீழிருந்த லயங்களிலோ பல்லாண்டு காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த தோட்டங்களில் பீலிக்கரையில் குடத்துடன் வரிசையில் நிற்கும் பெண்களைக் காண்பது இக்காலத்திலும் அரிய காட்சியன்று.

இந்நிலை எவரோ ஒருவரின் இரக்கமின்மையால் மட்டும் விளைந்ததென்று எண்ணுவது தவறு. அதன் வேர் சட்டத்திலே கிடக்கிறது. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம், சுவீகரிக்கப்படும் காணியில் உரித்துடையவருக்கே இழப்பீடு அளிக்கிறது. லயத்தில் குடியிருப்பவருக்குக் காணியில் என்ன உரித்து? தோட்டக் காணிகள் 1970களில் அரசுடைமையாயின. 1992 முதல் அவை கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் குத்தகையில் சென்றன. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, குடியிருப்போ வேலையோடு ஒட்டியது. நான்கு தலைமுறை அங்கே பிறந்து மடிந்தாலும், காட்டுவதற்கு ஓர் உறுதி இல்லை. இழப்பீட்டு விசாரணையில் அக்குடும்பத்துக்கு நாற்காலி இல்லை.

வீட்டுக்கு இக்கதியெனின், பீலிக்கும் குழாய்க்கும் வேறு கதி ஏது? நகரத்துக் குழாய்க்கு நகரசபை என்னும் உடைமையாளர் உண்டு, வரைபடம் உண்டு, பொறியியலாளர் உண்டு, வழக்காடச் சட்டத்தரணி உண்டு. இரும்புப் பாதைக்காரர் அதனைத் தொட வேண்டுமாயின் உடைமையாளரின் கதவைத் தட்டியாக வேண்டும். தோட்டத்துக் குழாய்க்கு அத்தகைய காவலர் இல்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, சபையின் நிதியைத் தோட்டத்துக்குள் செலவிட முடியாது என்று 30 ஆண்டுகளுக்கு மேலாகக் கூறிவந்தார்கள். எமது மக்களின் வாக்கால் அமைந்த சபை, எமது மக்களின் லயத்துக்கு ஒரு குழாயைத் தானும் போட முடியாத விந்தை இந்நாட்டில் நடந்தது. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலில் மஸ்கெலியாவுக்கெனத் தனிப் பிரதேச சபையும் தெரிவாயிற்று. சட்டக் கதவு திறந்துவிட்டது. அதனுள் நுழைந்து வேலை செய்வது இனிச் சபையின் பொறுப்பு.

இடம்மாற்றும் வேலையில் உலகெங்கும் ஒரு விதி பேசப்படுகிறது. அகற்றப்பட்டது எத்தகையதோ அதற்குச் சமமானதைத் திட்டக்காரர் தரவேண்டும். அதனினும் மேலானது வேண்டுமெனின் மேலதிகச் செலவை உடைமையாளரே ஏற்க வேண்டும் என்பது அது. நகரசபைகளுக்கும் இரும்புப் பாதைக்காரருக்கும் இடையே இது நியாயமான விதியே. ஆனால் இதனை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் நேர்வது என்ன? ஒழுகும் பீலிக்கு ஈடாக ஒழுகும் பீலி. பத்தடி அறைக்கு ஈடாகப் பத்தடி அறை. இருட்டுக்கு ஈடாக இருட்டு. நூற்றைம்பது ஆண்டு அநீதியை அளவெடுத்து, அதே அளவில் புதிதாகத் தைத்துக் கொடுப்பது சமநீதியாகாது. எனவே எமது மக்கள் இழந்ததற்குச் சமமானதன்று, நாட்டின் ஏனைய பிரஜைகளுக்கு உரியதற்குச் சமமானதே அவர்களுக்கு அளிக்கப்படல் வேண்டும். இதுவே இவ்விடயத்தில் எமது நிலைப்பாடு.

இது நடவாத காரியமென்பாருக்குத் தலவாக்கலை விடை கூறும். அங்கே மேல் கொத்மலைத் திட்டம் பெரும் எதிர்ப்புக்கிடையே நிறைவேறி, 2012இல் 150 மெகாவாற்று மின்சாரம் தரத் தொடங்கிற்று. 500க்கு அண்மித்த குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. அவர்களுக்குப் புதிய வீடுகள் கட்டித்தரப்பட்டன. குறைகள் இருந்தன, நாம் மறைக்கவில்லை. ஆயினும் மவுசாகலைக்கும் மேல் கொத்மலைக்கும் இடையே இந்த வேறுபாடு எப்படி வந்தது? கடன் தந்த ஜப்பான் நிபந்தனை விதித்தது என்பது ஒரு காரணம். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால் எமது மக்கள் பிரஜைகளாகி, அவர்களுடைய எதிர்ப்பை அரசாங்கம் எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று என்பது அதனினும் பெரிய காரணம்.

2001இல் அமைச்சரவை தேசிய கட்டாய மீள்குடியேற்றக் கொள்கையொன்றை ஏற்றுக்கொண்டது. காணிக்கு ஆவண உரித்தில்லாதவர்களும் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. நல்ல வாசகம். ஆனால் கொள்கை சட்டமன்று. ஆட்சியாளர் விரும்பினால் எடுத்து விரிக்கவும், விரும்பாவிடின் மடித்து வைக்கவும் கூடிய பாய் அது. நீதிமன்றமோ சில வேளைகளில் துணைக்கு வந்துள்ளது. தெற்கு அதிவேக வீதியின் தடம் அறிவித்தலின்றி மாற்றப்பட்டதால் காணியிழந்தோர் தொடுத்த மண்டி வழக்கில், 2004 ஜனவரியில் உயர் நீதிமன்றம், அவர்களைக் கேளாது முடிவு செய்தது இயற்கை நீதிக்கு முரண் என்று கண்டு, இழப்பீடும் வழங்கப் பணித்தது. ஆனால் அவர்கள் காணிச் சொந்தக்காரர்கள். லயத்து மனிதருக்கு அந்நீதிமன்றப் படியேறும் வழியைச் சட்டமே அமைத்துத் தரவேண்டும்.

நாட்டின் முன்னேற்றத்துக்கு யாராவது தியாகம் செய்யத்தானே வேண்டும் என்று கூறுவோர் உளர். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒரே மக்கள் கூட்டம், தலைமுறைக்குத் தலைமுறை, கேட்கப்படாமலே செய்யும் தியாகத்துக்குப் பறிமுதல் என்பதே சரியான பெயர். நாம் இரும்புப் பாதைக்கோ அணைக்கோ எதிரிகளல்லர். பாதை வரட்டும், மின்சாரம் பெருகட்டும். எமது கோரிக்கைகள் இவை:

முதலாவது, மஸ்கெலியாப் பிரதேச சபையும் மலையகத்தின் ஏனைய சபைகளும் தத்தம் எல்லைக்குட்பட்ட தோட்டங்களிலுள்ள ஒவ்வொரு நீரூற்றையும், பீலியையும், குழாயையும், மலசலகூடத்தையும், நடைபாதையையும், மயானத்தையும் பதிவேட்டில் ஏற்றுதல் வேண்டும். பதிவில் இல்லாதது எந்தத் திட்ட வரைபடத்திலும் இடம்பெறாது.

இரண்டாவது, 2001ஆம் ஆண்டுக் கொள்கை பாராளுமன்றச் சட்டமாக்கப்படல் வேண்டும். உறுதியில்லாக் குடியிருப்பாளரும் இழப்பீட்டு விசாரணையில் உரித்துடையவராக ஏற்கப்படல் வேண்டும்.

மூன்றாவது, காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, அவசரமென்று அமைச்சர் கருதின் இழப்பீடு தீர்மானிக்கப்படுமுன்னரே காணியைக் கைப்பற்ற இடமளிக்கிறது. மக்கள் குடியிருக்கும் இடங்களில், மாற்று நீரும் மாற்று ஒளியும் மாற்றுக் கூரையும் பயனுக்கு வந்த பின்னரன்றி இவ்வதிகாரத்தைப் பயன்படுத்தலாகாது.

நான்காவது, சுவீகரிப்பு அறிவித்தல் தமிழிலும் இருக்க வேண்டுமென்று சட்டம் கூறுவது போதாது. அது பிரட்டுக்களத்தில் எல்லோரும் கேட்க வாசிக்கப்படல் வேண்டும். ஆட்சேபனை எழுதிக் கொடுக்க உதவியும் அளிக்கப்படல் வேண்டும்.

இவற்றுள் முதலாவதற்குக் கொழும்பின் அனுமதி வேண்டியதில்லை. சபையின் ஒரு தீர்மானம் போதும். பதிவேட்டின் முதற்பக்கத்தை எழுதத் தொடங்குமாறு மஸ்கெலியாப் பிரதேச சபை உறுப்பினர்களை, கட்சி வேறுபாடின்றி, நாம் கேட்டுக்கொள்கிறோம். தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கங்களும் தத்தம் பிரிவின் நீர்நிலைகளைக் கணக்கிட்டுச் சபைக்கு எழுதுவார்களாக. எழுதியதன் பிரதியொன்றைத் தம்மிடமே பத்திரப்படுத்துவார்களாக. அடுத்த திட்டம் எம் வாசலுக்கு வரும் நாளில், கையேந்தி நிற்கும் மக்களாக நாம் இருத்தலாகாது. கணக்குக் காட்டி உரிமை கேட்கும் மக்களாக இருத்தல் வேண்டும்.