ஒலியட்டைமேல் வீண்பழி

கணிப்பொறி வைத்திருக்கும் மாணவர் நால்வர் கூடிய இடத்தில் ஒரு முறையீடு அடிக்கடி எழக் கேட்கின்றோம். பாட்டுக் கேட்டாலும், பதிவுசெய்த குரலை மீட்டுக் கேட்டாலும், இடையிடையே படபடவென்று ஒரு வெடிப்பொலி கலந்து வருகின்றது என்பதே அஃது. எம் சாத்தூர்ப் பக்கத்தார்க்கு வெடிப்பொலி புதியதன்று. எனினும் தாலாட்டின் நடுவே சரவெடி கொளுத்துதல் எவர்க்கும் உவப்பாகாது. முறையீட்டைக் கேட்ட கடைக்காரர் கூறும் மறுமொழியும் பெரும்பாலும் ஒன்றே: ஒலியட்டை கெட்டுவிட்டது, வேறு மாற்றுக என்பர். மாணவரும் மாற்றுகின்றனர், வெடிப்பொலியோ மாறாது நிற்கின்றது. நுண்செயலி வகுத்த வேகத்துக்கு மேல் ஓட்டப்பட்ட கணிப்பொறிகளில், குற்றம் பல சமயம் ஒலியட்டையினது அன்று, அவ்வேகத்தினதே என்பது எம் கருத்து.

ஓவர்கிளாக்கிங் என வழங்கும் இவ்வழக்கம் யாதென முதற்கண் விளக்குதல் தகும். கணிப்பொறிக்குள் ஒரு துடிப்பு இடையறாது நிகழ்கின்றது. அதனை இத்துணை மடங்கு எனப் பெருக்கி நுண்செயலி தன் வேகத்தைப் பெறுகின்றது. (கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் செயலிகளை யாம் ஈண்டுக் குறிக்கவில்லை, கணக்கிடும் சில்லினையே செயலி என்கின்றோம்.) 1998ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் வெளியிட்ட செலரான் 300ஏ என்பது இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை நாலரை மடங்காக்கி 300 மெகாஹெர்ட்ஸில் ஓடுமாறு அஃது அமைந்தது. துடிப்பை 100 ஆக்கியவர் பலர்க்கு அதே செயலி 450இல் ஓடிற்று. காசு கொடாது கிடைத்த வேகம்! ஆசை யாரை விட்டது?

ஆனால் அத்துடிப்பு செயலிக்கு மட்டும் உரியதன்று. அக்காலத்து ஒலியட்டை பி.சி.ஐ. என்னும் பாதையில் செருகப்பட்டு, 33 மெகாஹெர்ட்ஸுக்கென வகுக்கப்பட்டிருந்தது. தாய்ப்பலகையானது 66ஐ இரண்டாலும் 100ஐ மூன்றாலும் வகுத்து அந்த 33ஐ அளிக்கும். செயலி 100ஐத் தாங்காமையால் இடையே 75இலோ 83இலோ நிறுத்தியவர் நிலை என்னை? இரண்டால் வகுக்க, முறையே 37.5உம் 41.5உம் வரும். செயலி தாங்கிற்று, ஒலியட்டை தாங்கவில்லை. குதிரையை விரட்டினவர் வண்டிச்சக்கரத்தை எண்ணிப் பாராதது போன்றதே இது.

அக்காலம் போயிற்றன்றோ என்பார் உளர். உண்மையே. 2002, 2003ஆம் ஆண்டுகளில் என்விடியாவின் என்ஃபோர்ஸ் 2, இன்டெலின் 875 முதலிய சில்லுத் தொகுதிகள், செயலியின் துடிப்பு எவ்வாறு மாறினும் ஒலியட்டைப் பாதையின் துடிப்பு மாறாதபடி பூட்டிவைக்க வழிசெய்தன. ஆயினும் 2011ஆம் ஆண்டில் வந்த இன்டெலின் இரண்டாந் தலைமுறைக் கோர் செயலிகளில், செயலியும் வட்டுப்பாதையும் பிறவும் மீண்டும் ஒரே 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பிற் பிணைக்கப்பட்டன. அத்துடிப்பைச் சில புள்ளிகள் தள்ளினும் ஏனைய உறுப்புகள் தடுமாறும். வேகம் விரும்புவார் மடங்கினை மட்டும் உயர்த்திக்கொள்ளுமாறு, பெயரின் ஈற்றில் ‘கே’ என்னும் எழுத்துடைய செயலிகள் தனியே விற்கப்பட்டன. அவ்வெழுத்தில்லாத செயலியை வாங்கி, வேறு வழியின்றி அடிப்படைத் துடிப்பையே அசைத்தவர்தம் கணிப்பொறிகள் இன்று பழம்பொருளாக நம் ஊர்ச் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

இனி, பிற பணிகளில் தோன்றாத குறை ஒலியில் மட்டும் ஏன் முந்தித் தோன்றுகின்றது? தமிழ் பயில்வார்க்கு இதனை விளக்குதல் எளிது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என வகுத்த தொல்காப்பியர், கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் மாத்திரைக்கு அளவாக வைத்தார். ஒலியென்பது காலத்தால் அளக்கப்படுவது. குறுந்தட்டின் தரத்தில் ஒலிப்பதிவு செய்யுங்கால் ஒரு நொடிக்கு 44,100 கூறுகள் வேண்டும். இரு செவிக்குமாகச் சேர்த்துக் கணக்கிட்டால் நொடிக்கு 1,76,400 பைட்டு. இற்றைச் செயலிக்கு இஃது ஒரு சுமையே அன்று. எறும்பு தூக்கும் அரிசி எனலாம். ஆனால் அக்கூறுகள் உரிய கணத்தில் வந்து சேர்தல் வேண்டும். மாடியிலுள்ள நீர்த்தொட்டியை எண்ணுக. குழாய் இடைவிடாது ஒழுகிக்கொண்டிருக்க, கீழிருந்து ஒருவன் குடங்குடமாகக் கொணர்ந்து ஊற்றுகின்றான். அவன் எத்துணை வேகமாக ஓடினும், ஒருமுறை படியில் இடறினால் குழாய் விக்கும். அவ்விக்கலே நாம் கேட்கும் வெடிப்பொலி. ஒலிக்கு வேண்டியது வேகமன்று, தவறாத வரவு.

இதனை யாம் ஏட்டளவிற் கூறவில்லை. எம் தோழர் குழுவொன்று சாத்தூரைச் சூழ்ந்த கரிசற் சிற்றூர்களில் தாலாட்டும் ஒப்பாரியும் களையெடுப்புப் பாட்டும் தொகுத்து வருகின்றது. நா. வானமாமலை 1964இல் தமிழர் நாட்டுப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டபோது அச்சில் சொற்களே எஞ்சின. குரலும் எஞ்சவேண்டும் என்பது எம்மவர் அவா. வைப்பாற்றங்கரையில் ஒரு தோழர் வீட்டில், அவருடைய அப்பத்தாவைப் பாடச்செய்து, புதிதாக வாங்கிய பழைய கணிப்பொறியில் நேரே பதிந்தனர். மீட்டுக் கேட்டபோது வரிக்கு வரி வெடிப்பு. “ஏலே, என் தொண்டையிலயா வெடி வச்சிருக்க?” என்று அப்பத்தாவே கேட்டுவிட்டார். ஒலியட்டை மாற்றப்பட்டது, பயனில்லை. பின்னரே பயாஸ் திரையைத் திறந்து பார்க்க, அடிப்படைத் துடிப்பு 100க்குப் பதில் 106 என நின்றது. முன்பு வைத்திருந்தவர் கூட்டியதைத் துணைக்கடைக்காரர் பார்க்கவுமில்லை, சொல்லவுமில்லை. தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பியவுடன் ஒலி தெளிந்தது. அப்பத்தாவும் மனமுவந்து மீண்டும் பாடினார். ஆயினும் முதனாள் தாமாக வந்த அடிகளிற் சில, எவ்வளவு நினைவூட்டியும் மறுநாள் வரவில்லை. பாட்டைக் கேட்கும்போது நேரும் வெடிப்பு அப்போதைக்கு ஒழியும். பதிவில் ஏறிய வெடிப்பு என்றும் ஒழியாது.

ஆதலின், காசை எடுக்குமுன் செய்யத்தக்கன சில உள. குறையுள்ள பதிவை வேறொரு கருவியில் ஓட்டிக் கேட்க வேண்டும். அதே இடத்தில் அதே வெடிப்பு இருப்பின் பழுது பதிவிலேயே உள்ளது. இல்லையேல் மீட்டும்போது நேர்கின்றது. வெடிப்பன்றி வண்டின் ரீங்காரம் போன்ற தொடரொலி கேட்குமாயின், மின்னிணைப்பின் நிலத்தொடர்பையே முதலில் ஐயுற வேண்டும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் இக்குறை மிகுதி. வெடிப்பேயாயின், பயாஸில் செயலி, நினைவகம் இரண்டனையும் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்புக. நினைவகத்தை மறந்துவிடுவாரே பலர். அதன் வேகத்தைக் கூட்டுவதும் ஓவர்கிளாக்கிங்கே. இதனால் குறை நீங்கிற்றாயின் ஒவ்வொன்றாக, ஒரு நேரத்தில் ஒன்றே, மீண்டும் உயர்த்திப் பார்க்கலாம். எதனை உயர்த்தியபோது குறை மீள்கின்றதோ அதுவே கள்வன். அடிப்படைத் துடிப்பை மட்டும் தொடாதிருத்தல் நன்று. சித்திரை வெயிலில் மட்டும் குறை தோன்றுமாயின், செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்தும் கூட்டியும் தள்ளாடுகின்றதா எனப் பார்த்துக் காற்றாடியின் தூசியைத் துடைக்க வேண்டும்.

திருப்பியும் குறை நீங்கவில்லையெனில், அப்போதுதான் டிரைவர் மென்பொருளையும், முன்பக்கச் செருகுவாயின் கம்பியையும், இறுதியாக ஒலியட்டையையும் ஆராய்தல் முறை. வேகம் கூட்டாதவர்க்கும் இக்குறை நேர்வதுண்டு. 2021ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. செயலிகளுக்குரிய தாய்ப்பலகைகள் சிலவற்றில் யூ.எஸ்.பி. இணைப்பு விட்டுவிட்டு அறுந்தது. நிறுவனத்தாரே அதனை ஒப்புக்கொண்டு, பயாஸைப் புதுப்பிக்கும் திருத்தத்தை வெளியிட்டனர்.

வேகத்தையே முற்றும் வெறுக்கவேண்டும் என்று யாம் கூறவில்லை. சிவகாசி அச்சகங்களுக்காக நாட்காட்டிப் படங்கள் வரைவோர்க்கு ஒரு படம் முடியக் காத்திருக்கும் நேரம் கூலியாகக் கழிகின்றது. அவர்க்குக் கூடுதல் வேகம் ஊதியமே. எனினும் அவர்களிலும் சிலர், வெடிப்பொலி தொல்லைதரக் கண்டு, யூ.எஸ்.பி.யிற் செருகும் சிறு ஒலிக்கருவியொன்றை வாங்கி அவ்வொலியை அடக்கிவிட்டு, வேகத்தை அப்படியே வைத்திருக்கின்றனர். இதனை யாம் உடன்படோம். செவி உணர்ந்த பிழையைக் கண் உணராது. நினைவகத்தில் ஓர் எண் பிறழ்ந்தால் ஒலியில் அது வெடிப்பாகத் தெறிக்கும். படத்திலோ ஒரு புள்ளியாக மறைந்துகிடக்கும். வட்டில் எழுதப்படும் கோப்பிலோ திறக்கும் நாள்வரை தெரியவே தெரியாது. 2001ஆம் ஆண்டில் வியா நிறுவனத்தின் 686பி சில்லுடைய தாய்ப்பலகைகளிற் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டையைச் செருகியவர் சிலர்க்கு, ஒலி சிதறியதோடு வட்டிலிருந்து வட்டுக்குப் படியெடுத்த கோப்புகளும் சிதைந்தன. அங்குக் காரணம் மிகுவேகமன்று. ஆனால் ஒலி சிதறும் பாதையிலேயே கோப்புகளும் செல்கின்றன என்பதற்கு அது போதிய சான்று. குரைக்கின்ற நாயின் வாயைக் கட்டிவிட்டால் கள்வன் போய்விடுவானா?

பழங் கணிப்பொறி விற்போர்க்கு ஒரு வேண்டுகோள். விலைச்சீட்டில் செயலியின் பெயரையும் நினைவகத்தின் அளவையும் எழுதுகின்றீர்கள். அடிப்படைத் துடிப்பு எத்துணை, மடங்கு எத்துணை, அவை தொழிற்சாலை அமைப்பில் உள்ளனவா என்பதனையும் ஒரு வரியாக எழுதித் தருக. ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட வேலையன்று. நம் கல்லூரித் தமிழ்த்துறையில் குரற்பதிவுக்கென ஒரு கணிப்பொறி ஒதுக்கப்படுமாயின், அதன் பயாஸுக்கு ஒரு கடவுச்சொல் இட்டு, அதனை ஆசிரியரிடமே ஒப்படைக்க வேண்டும் என்பதும் எம் விண்ணப்பம். விடுதித் தோழர்கள் சினங்கொள்ளற்க. விளையாட்டுக்கு அவர்கள் அறையிலேயே கணிப்பொறிகள் உள.