ஐந்தருவியில் வரிசையில் நிற்பவர்களுக்கு மலையைச் சொல்லுங்கள்

உயர்திரு தென்காசி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,



சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலத்து ஐந்தருவிச் சாலையில் வண்டி நகர்வதே பெரும்பாடு. வெண்ணமடைக் குளத்துப் படகுத்துறையைத் தாண்டுவதற்குள் பாதிப் பேர் இறங்கி நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மதுரை, விருதுநகர், தூத்துக்குடி, சென்னை, கேரளம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள் வரிசையில் நின்று, ஐந்து கிளைகளில் ஒன்றில் தலையைக் கொடுத்துவிட்டு, ஈரத்துணியோடு நேந்திரங்காய்ச் சிப்ஸும் ரம்புட்டானும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அந்தக் குளியலின் சுகத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எந்த மலையின் தண்ணீரில் நனைந்தோம் என்று அறியாமலே பெரும்பாலோர் போய்விடுகிறார்கள். அதை அவர்களுக்குச் சொல்ல ஒரு திட்டம் வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அங்குள்ள அறிவிப்புகளைத் தாங்களே ஒருமுறை நின்று படித்துப் பாருங்கள். சோப்பு போடக் கூடாது, எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது, குரங்குகளுக்கு உணவு தரக் கூடாது என்றெல்லாம் இருக்கும். அத்தனையும் தேவையானவை. சோப்புக்கும் எண்ணெய்க்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே தடை விதித்திருக்கிறது. ஆனாலும் ஏன் கூடாது என்பதைச் சொல்லாமல் விட்ட தடையைக் காவலர் முகம் திருப்பிய மறுநிமிடமே மீறத் தோன்றும். ஐந்தருவித் தண்ணீர் ஐந்தருவியிலேயே தீர்ந்துபோவதில்லை. அது சிற்றாற்றில் சேர்கிறது. அணைக்கட்டுகளில் பிரிந்து குளம் குளமாக நிரப்புகிறது, வயலுக்குப் பாய்கிறது, எஞ்சியது சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. இந்த வழியை ஊர்ப்பெயர்களோடு ஒரே படமாக வரைந்து, உடை மாற்றும் இடத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு வைக்கலாம். பையிலிருந்து சோப்பை எடுக்கும் கை அங்கே ஒரு நொடி தயங்கும் என்று நான் நம்புகிறேன்.

சென்ற சீசனில் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு சிறுமி தகப்பனிடம் கேட்டாள்: "எப்பா, மழையே காணோம், இவ்ளோ தண்ணி எங்கருந்து வருது?" அவர் அருவியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேல பெரிய டேங்கு கட்டி வச்சிருப்பாங்க தாயி" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு யார் சொன்னார்கள்? பிள்ளை கேட்டதோ குற்றாலத்தின் அடிப்படைக் கேள்வி.

தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தில் பெரும்பங்கைக் கேரளத்துச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. கிழக்கே இருக்கும் நாம் மழை மறைவில் கிடக்கிறோம். நம் குளங்களுக்கான பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்து வழிவிடுகிறது. அதன் வழியே புகுந்து வரும் காற்றும் தூற்றலும்தான் நம் சாரல். மலைமுகட்டில் பெய்யும் மழையைப் பசுமைமாறாக் காடு சருகிலும் வேரிலும் மண்ணிலும் வாங்கிவைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகிறது. அதனால்தான் கீழே வெயிலடிக்கும் நாளிலும் அருவி விழுகிறது. அங்கிருந்து தென்கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டர் போனால் தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரி. பனையும் உடைமரமுமாக, பாலைவனம் போல் விரிந்த செம்மணல் மேடுகள். இருவாட்சி பறக்கும் காட்டுக்கும் அந்தத் தேரிக்கும் நடுவே மலையும் காற்றும் செய்யும் வேலையை விளக்க ஐந்தருவியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. அந்தத் தகப்பனிடம் இதை ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிடலாம். வரிசையில் அவர் நின்ற நேரம் அதைவிட அதிகம்.

இது பொழுதுபோக்குக்கான அறிவு மட்டுமல்ல ஐயா. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோனதைத் தென்காசி மறந்திருக்காது. மலைக்கு மேலே கொட்டும் மழை கீழே குளிப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெளிந்த நீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் சேர்ந்து வருவது, அருவியின் ஓசை கனப்பது என்று வெள்ளத்துக்கு முன்னறிகுறிகள் உண்டு. உள்ளூர்க்காரர்கள் அதைப் பார்த்ததும் பிள்ளைகளைக் கரையேற்றுவார்கள். வெளியூர்க்காரர் "தண்ணி ஏறுது, நல்லா இருக்கு" என்று இன்னும் உள்ளே போவார். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழும்போது குளிக்கத் தடை போடுகிறார்கள். அந்த வளைவு எதற்கு என்று தெரியாமல் காவலரோடு சண்டை போடுகிறவர்கள் சீசன்தோறும் இருக்கிறார்கள். எச்சரிக்கைக் கருவிகளும் சங்கொலியும் வேண்டியவைதான். ஆனால் அந்த ஒலி கேட்டதும் ஏன் ஓட வேண்டும், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதைக் குளிக்க இறங்கும் முன்பே ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

குரங்குகள் விஷயமும் இப்படித்தான். பிள்ளை கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கும் குரங்கை எல்லாரும் திட்டுகிறார்கள். அதற்குச் சிப்ஸைப் பழக்கியது நாம்தான். அதே மலையின் மேலே, மனிதர் முகமே பார்க்காமல் மரத்துக்கு மரம் தாவும் கருமந்தியும் மலையணிலும் இருப்பதைப் படத்திலாவது காட்டினால், காட்டுயிர் என்றால் கையேந்தி நிற்பது என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் பதியாது. குற்றாலம் மலைப்பகுதி 2015-இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்தோடு சேர்ந்தது. அந்தச் சரணாலயத்தின் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் அதன் வாசலில் குளித்துவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்!

சொல்வதற்கு வேறு கதைகளும் நிறைய இருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டு ஜாதிக்காயும் கிராம்பும் வளர்த்தது. இன்று சாலையோரம் விற்கும் மங்குஸ்தானுக்கும் துரியனுக்கும் இந்த மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. 1830களில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இந்த மலையில் செடி செடியாகச் சேகரித்தார். அவர் நூல்களுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். அதற்கும் முன்னால், பக்கத்து மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் தம் குற்றாலக் குறவஞ்சியில் குறவன் சிங்கன் வாயால் பறவைகளை வரிசையாகப் பாடவைத்தார். ஐந்தருவிக்கு அருகிலேயே தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்கா இருக்கிறது. அங்கே கோவிந்துவின் செடிப் படங்களின் நகல்களையும், கவிராயர் பாடிய பறவைகளில் இன்று எவை கண்ணில் படுகின்றன என்பதையும் வைத்தாலே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு முழுநாள் போதாது.

நம்மிடம் எல்லாம் கொட்டிக் கிடக்கிறது. ஒன்றுமே இல்லை என்று சொல்லக்கூடிய ஓர் இடத்தில் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். ஜோத்பூரில் மெஹரான்கர் கோட்டையை ஒட்டி சுமார் 70 ஹெக்டேர் எரிமலைப் பாறை நிலம். 2006-இல் வேலை தொடங்கியபோது அதை முழுக்கச் சீமைக்கருவேலம் பிடித்திருந்தது. அதன் வேர் எப்படிப்பட்டது என்று நாம் பட்ட பாட்டிலேயே நமக்குத் தெரியும். வெட்டினால் மறுபடி துளிர்க்கும். பிரதீப் கிருஷேன் என்ற இயற்கையாளர், பாறையைத் தட்டிப் பார்த்தே எங்கே உடையும் என்று சொல்லும் உள்ளூர்க் கல்லுடைப்பவர்களை அழைத்தார். அவர்கள் உளியால் பாறையைக் குடைந்து வேரோடு எடுத்தார்கள். அந்தக் குழிகளிலேயே தார் பாலைவனத்துக்குச் சொந்தமான செடிகளை நட்டு, 2011-இல் ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா என்று மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பழைய கோட்டை வாசல் ஒன்றுதான் அங்கே விளக்க மையம். புதுக் கட்டடம் எழுப்பவில்லை. கோட்டை பார்க்க வந்தவர்கள் முள்செடிக்கு முன்னால் குனிந்து நின்று, ஒரு சொட்டு ஈரத்தை அது எப்படிக் காப்பாற்றுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். அமெரிக்கப் பூங்காக்களைப் பார்த்து ஃப்ரீமன் டில்டன் 1957-இல் எழுதிய நூலும் இதைத்தான் வலியுறுத்தியது: வருகிறவரின் வாழ்க்கையைத் தொடாத வெறும் தகவல் அவர் மனத்தில் நிற்காது, பிள்ளைகளுக்குச் சொல்லும் முறையே தனி.

ஆகவே கண்ணாடி அறையும் தொடுதிரையும் கொண்ட மாளிகை ஒன்றைக் கட்டித்தருமாறு நான் கேட்கவில்லை. சாரலில் மின்பொருள் தாங்காது. கியூஆர் குறியீட்டுப் பலகையும் வேண்டாம், ஈரக்கையோடு நிற்பவர் செல்பேசியை எடுக்க மாட்டார். மனிதர்கள் வேண்டும். வரிசையோரம் நின்று பேசத் தெரிந்த, சம்பளம் பெறும் உள்ளூர் இளைஞர்கள், பெண்கள். பெண்கள் குளிக்கும் பக்கம் பெண்களே இருக்க வேண்டும். வாசுதேவநல்லூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் வாழும் பளியர்களில் விருப்பமுள்ளவர்களை ஆசிரியர்களாக அழைத்து, அவர்கள் சொல்லித்தரும் காட்டறிவுக்கு உரிய ஊதியம் கொடுக்க வேண்டும். அவர்களைக் காட்சிப்பொருளாக நிறுத்திவிடக் கூடாது. ஆட்டோ ஓட்டுநர்கள், எண்ணெய் தேய்ப்பவர்கள், பழக்கடைக்காரர்கள் ஆகியோரையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும். வெளியூர்க்காரர் முதலில் பேச்சுக் கொடுப்பது அவர்களிடம்தான். மலையாளத்திலும் சொல்ல ஆள் வேண்டும், கேரளத்து விருந்தினர் நமக்குக் குறைவில்லை.

அருவிக்கரை ஒரு துறையிடம், காடு ஒரு துறையிடம், பூங்கா வேறொரு துறையிடம், ஆறும் குளமும் இன்னொரு துறையிடம் இருக்கின்றன. காவல் துறையும் உள்ளாட்சியும் தனி. யாரும் தனியாகச் செய்ய முடியாத வேலை இது. எல்லாரையும் ஒரே மேசைக்கு அழைக்க இந்த மாவட்டத்தில் தங்களால்தான் முடியும். சாரல் விழாவுக்கு அத்தனை துறைகளையும் கூட்டுகிறீர்கள். அதே போல, அருவி வற்றிக் கிடக்கும் மாசி, பங்குனியில் ஒரு கூட்டம் கூட்டுங்கள். முதல் ஆண்டில் அந்தத் தண்ணீர் வழிப் படமும், வெள்ள அறிகுறிகளைச் சொல்லத் தெரிந்த பத்துப் பேரும் போதும். பயிற்சி எந்த நாள் என்று தெரிவித்தால், இலஞ்சியிலிருந்து நானும் நண்பர்களான சில ஆசிரியர்களும் ஊதியம் எதுவும் வாங்காமல் வந்து உடனிருந்து உழைப்போம்.

இப்படிக்கு,
இலஞ்சிக்காரன் ஒருவன்